பெருவீக்கம்: பிரபஞ்சத்தை விரியச் செய்தது எது? – கேள்வி பதில்

பிரபஞ்சம் பிறந்த மிகச் சிறு நொடிப்பொழுதில், அண்டவெளி கட்டுக்கடங்காத வேகத்தில் விரிந்தது என்பதே பெருவீக்கக் கோட்பாடு. அதைப் பற்றி வந்த கேள்விகளில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: சார், பெருவெடிப்புன்னா ஒரு புள்ளி வெடிச்சு நாலா பக்கமும் சிதறினதுதானே? அந்த வெடிப்போட அழுத்தம்தான் எல்லாத்தையும் வெளியே தள்ளுச்சா?

பதில்: இல்லை. வெடிகுண்டில் உள்ளே அழுத்தம் அதிகம், வெளியே குறைவு. அந்த வேறுபாடுதான் துண்டுகளைத் தூக்கி எறிகிறது. பிரபஞ்சத்தில் அழுத்தம் எங்கும் ஒரே அளவு. 'வெளியே' என்று ஒரு இடமும் கிடையாது. எனவே அப்படித் தள்ளுவதற்கு வழியே இல்லை. 1922இல் ரஷ்யாவின் ஃபிரீட்மானும் 1927இல் பெல்ஜியத்தின் லெமைத்ரும் ஐன்ஸ்டைன் கோட்பாட்டிலிருந்து கண்ட சமன்பாடுகள், விரிவு காலப்போக்கில் எப்படி மாறும் என்பதைச் சொல்கின்றன. ஆனால் 'ஏற்கெனவே விரிந்துகொண்டிருக்கிறது' என்று எடுத்துக்கொண்டுதான் கணக்கைத் தொடங்க வேண்டியிருக்கிறது. அந்த முதல் உந்தல் எங்கிருந்து வந்தது என்ற இடத்தில்தான் பெருவீக்கம் நுழைகிறது.

கேள்வி: ஈர்ப்பு எப்போதும் இழுக்கத்தானே செய்யும்? அப்படியானால் தள்ளியது எது?

பதில்: ஈர்ப்புதான் தள்ளியது. நியூட்டன் கணக்கில் நிறை மட்டுமே ஈர்ப்பை உண்டாக்கும். ஐன்ஸ்டைன் கணக்கில் அழுத்தத்துக்கும் அதில் பங்கு உண்டு. விரிவு வேகமெடுக்குமா, தளருமா என்பதைத் தீர்மானிப்பது 'ஆற்றல் அடர்த்தி + 3 × அழுத்தம்' என்ற கூட்டுத்தொகை. மூன்று திசைகளிலும் அழுத்தம் இருப்பதால் அந்த 3.

அடர்த்தியை 1 என்று வைத்துப் போட்டுப் பாருங்கள். சாதாரணப் பருப்பொருளுக்கு அழுத்தம் ஏறக்குறைய 0, கூட்டினால் 1. ஒளிக்கு அழுத்தம் 1/3, கூட்டினால் 2. இரண்டும் நேர்மறை, இரண்டுமே விரிவுக்கு பிரேக் போடும். இப்போது ஒரு குவாண்டம் புலம் (வெளி முழுக்கப் பரவி, ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு மதிப்போடு இருக்கும் ஒன்று), உயர்ந்த ஆற்றல் நிலையிலேயே தங்கி நிற்கிறது என்று வையுங்கள். அதன் அழுத்தம் −1. கூட்டினால் 1 − 3 = −2. குறி மாறிவிட்டது, ஈர்ப்பு விலக்கமாக மாறிவிட்டது. பெருவீக்கத்தின் உயிர்நாடி இந்தக் கழித்தல் குறிதான்.

அழுத்தம் ஏன் எதிர்மறை? ஒரு சிரிஞ்சுக்குள் இந்தப் புலம் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். வெளியே வெறும் வெற்றிடம். உள்ளே வாயு இருந்திருந்தால் தண்டு தானாக வெளியே தள்ளப்படும், வாயு ஆற்றலை இழக்கும். இந்தப் புலமோ விரிந்தாலும் அடர்த்தி குறையாது. கொள்ளளவு இரட்டித்தால் உள்ளிருக்கும் ஆற்றலும் இரட்டிக்கும். அந்தக் கூடுதல் ஆற்றலை நீங்கள்தான் தண்டை இழுத்துக் கொடுத்தாக வேண்டும். தண்டு உங்களை உள்நோக்கி எதிர்த்து இழுக்கும். உள்நோக்கிய இந்த இழுப்பைத்தான் எதிர்மறை அழுத்தம் என்கிறோம்.

கேள்வி: உள்நோக்கி இழுப்பு என்றால் பிரபஞ்சம் சுருங்க அல்லவா வேண்டும்?

பதில்: நல்ல கேள்வி, இங்கேதான் பெரும்பாலோர் வழுக்குகிறார்கள். அழுத்தம் ஒரு பொருளை நேரடியாக நகர்த்த வேண்டுமானால் இரு பக்கமும் வேறுபாடு வேண்டும். எங்கும் ஒரே அழுத்தம் என்றால் நேரடி இழுப்பு இல்லை. மிஞ்சுவது அந்த அழுத்தம் உண்டாக்கும் ஈர்ப்பு விளைவு மட்டுமே, அது விலக்கம். சிரிஞ்சு உதாரணம் குறியைப் புரிந்துகொள்ள மட்டும். பிரபஞ்சத்துக்குத் தண்டும் இல்லை, வெளியே நின்று இழுக்கும் கையும் இல்லை.

கேள்வி: '10⁻³⁶ நொடியிலிருந்து 10⁻³² நொடி வரை' என்று புத்தகத்தில் போட்டிருக்கிறது. எவ்வளவு விரிந்தது என்று எப்படிக் கணக்கிடுகிறார்கள்? (பிளஸ் டூ மாணவி)

பதில்: அந்த நொடிக் கணக்கு அளந்து கண்டதல்ல, மாதிரிக்கு மாதிரி மாறும். உறுதியாகப் பிடித்துக்கொள்ள வேண்டியது மடங்கைத்தான். விரிவு அடுக்குக்குறி முறையில் நடப்பதால், நீளம் 2.718 மடங்காவதை ஒரு படி என்று எண்ணுவார்கள். வானம் எங்கும் ஒரே மாதிரி இருப்பதை விளக்க (கீழே வருகிறது) ஏறக்குறைய 60 படிகள் தேவை. உங்கள் மடக்கைப் பாடத்தைக் கொண்டே போடலாம்: 60 × 0.4343 = 26.06. அதாவது 10²⁶ மடங்கு. இரட்டிப்புக் கணக்கில் வேண்டுமானால் 60 ÷ 0.693, சுமார் 87 முறை.

பெருவீக்கத்தின் ஆற்றல் அளவு 10¹⁶ ஜிகா எலக்ட்ரான்வோல்ட் (துகள் இயற்பியலில் ஆற்றலை அளக்கும் அலகு) என்று வைத்தால், ஒரு படிக்கு ஆகும் நேரம் சுமார் 3 × 10⁻³⁸ நொடி. அந்த நேரத்தில் ஒளி கடக்கும் தூரம் சுமார் 10⁻²⁹ மீட்டர், புரோட்டானைவிட ஏறக்குறைய நூறு லட்சம் கோடி மடங்கு சிறியது. அதை 10²⁶ ஆல் பெருக்கினால் 1 மில்லிமீட்டர். 60 படிகளும் முடிந்தபோது அந்தத் துணுக்கு ஒரு கடுகளவுதான்! அங்கிருந்து இன்றைய அளவுக்கு வந்தது அதற்குப் பிறகான 1380 கோடி ஆண்டுச் சாதாரண விரிவில். இது நமக்குத் தெரியும் பகுதிக்கான கணக்கு மட்டுமே. முழுப் பிரபஞ்சமும் கடுகளவு இருந்தது என்று எழுதிவிடாதீர்கள்.

கேள்வி: ஒளியைவிட வேகமாக விரிந்தால் ஐன்ஸ்டைன் விதி உடையாதா?

பதில்: உடையாது. ஒரு பொருள் தன் பக்கத்தில் போகும் ஒளியை முந்தக் கூடாது என்பதே விதி. இரண்டு புள்ளிகளுக்கு இடையே உள்ள வெளி நீள்வதற்கு அந்த வரம்பு இல்லை. இன்றும் மிகத் தொலைவிலுள்ள விண்மீன் மண்டலங்கள் ஒளியைவிட வேகமாக நம்மிடமிருந்து விலகுகின்றன.

கேள்வி: இப்படி ஒரு கோட்பாடு எதற்காகத் தேவைப்பட்டது? வெறும் பெருவெடிப்பு போதாதா?

பதில்: வானத்தில் எந்தத் திசையில் பார்த்தாலும் நுண்ணலைப் பின்னணிக் கதிர்வீச்சின், அதாவது இளம் பிரபஞ்சத்திலிருந்து இன்றும் வந்துகொண்டிருக்கும் ஒளியின், வெப்பநிலை 2.725 கெல்வின். வேறுபாடு 1 லட்சத்தில் 1 பங்குதான். இந்த ஒளி கிளம்பியது, பிரபஞ்சத்துக்கு 3,80,000 வயதானபோது. பெருவீக்கம் இல்லை என்றால், அதற்குள் ஒன்றோடொன்று தொடர்புகொள்ள முடிந்த பகுதி இன்றைய வானில் சுமார் 2 டிகிரி அகலம்தான், அதாவது நான்கு முழுநிலாக்களை வரிசையாக வைத்த அகலம். வானம் முழுக்க அப்படிப் பல ஆயிரம் துண்டுகள். ஒன்றையொன்று பார்த்தே இராத இத்தனை துண்டுகளும் ஒரே வெப்பநிலைக்கு எப்படி வந்தன? பெருவீக்கத்தின் பதில்: அவை எல்லாம் முன்பு ஒரே சிறு துணுக்குக்குள் இருந்தவை; சமநிலை அடைந்த பிறகுதான் இழுத்துப் பிரிக்கப்பட்டன.

வெளி ஏன் ஏறக்குறைய வளைவே இல்லாமல் தட்டையாக இருக்கிறது என்ற கேள்வியும் இதே வீச்சில் தீர்கிறது. நீளம் 10²⁶ மடங்கானால் வளைவின் பங்கு 10⁵² மடங்கு குறைந்துபோகும்.

கேள்வி: விரிய ஆரம்பித்தது சரி, நின்றது எப்படி?

பதில்: அமெரிக்க இயற்பியலாளர் ஆலன் கூத் 1979 டிசம்பரில் இந்த யோசனையை எட்டி, 1981இல் கட்டுரையாக வெளியிட்டபோது சிக்கியது இங்கேதான். அவர் மாதிரியில் புலம் ஆற்றல் வரைபடத்தின் ஒரு பள்ளத்தில் மாட்டிக்கொண்டு, பிறகு கொதிக்கும் நீரில் குமிழி வருவதுபோல அங்கங்கே விடுபடும். குமிழிகளுக்கு இடையே உள்ள வெளி அவற்றைவிட வேகமாக விரிவதால் அவை ஒன்று சேரவே முடியாது. கிடைப்பது திட்டுத்திட்டான பிரபஞ்சம். குறையைக் கூத்தே அந்தக் கட்டுரையில் ஒப்புக்கொண்டார், அந்த நேர்மையை நான் மிகவும் மதிக்கிறேன்.

1982இல் இயற்பியலாளர் லிண்டேவும், தனியாக ஆல்பிரெக்ட்–ஸ்டைன்ஹார்ட் இருவரும் பள்ளத்துக்குப் பதில் மிக மென்மையான சரிவை வைத்தார்கள். புலம் சரிவில் மெல்ல உருளும் வரை பெருவீக்கம். அடிவாரம் வந்ததும் வேகமெடுத்து, முன்னும் பின்னும் அலைந்து, தன் ஆற்றலைத் துகள்களாகக் கொட்டிவிடும். சூடான பெருவெடிப்பு என்று நாம் சொல்வது இந்தக் கொட்டலுக்குப் பிந்தைய நிலையை. தள்ளுதல் அங்கே முடிந்தது. பெற்ற வேகத்திலேயே விரிவு தொடர்ந்தது, தளர்ந்துகொண்டே. சுமார் 600 கோடி ஆண்டுகளுக்கு முன் கரும் ஆற்றலால் (இன்னும் இயல்பு புரியாத, விலக்கும் ஆற்றல்) மறுபடி முடுக்கம் பிடித்தது.

கேள்வி: ஆதாரம் ஏதாவது உண்டா? 2014இல் நிரூபித்துவிட்டதாகச் செய்தி வந்ததே?

பதில்: சரிவில் புலம் உருளும்போது குவாண்டம் நடுக்கத்தால் சில இடங்களில் பெருவீக்கம் சற்று முன்னதாகவும் சில இடங்களில் பின்னதாகவும் முடியும். அந்த வித்தியாசமே பின்னாளில் விண்மீன் மண்டலங்களின் விதை. உருளும்போது புலத்தின் ஆற்றல் மெல்லக் குறைவதால், பெரிய அளவு நடுக்கங்கள் சிறியவற்றைவிடக் கொஞ்சம் வலுவாக இருக்க வேண்டும். இந்த வலு அளவுக்கு அளவு எப்படி மாறுகிறது என்பதைச் சொல்வது சாய்வு எண்; எல்லா அளவிலும் சமமென்றால் அது 1. நுண்ணலைப் பின்னணியை ஆராய்ந்த பிளாங்க் செயற்கைக்கோள் அளந்தது 0.965, பிழை வரம்பு 0.004 மட்டுமே. அந்தச் சின்ன விலகல்தான் என் பார்வையில் மிக வலுவான சான்று.

2014 மார்ச் 17இல் தென்துருவத்தின் பைசெப்-2 தொலைநோக்கிக் குழு அறிவித்தது வேறு: பெருவீக்க ஈர்ப்பலைகள் (வெளியிலேயே எழும் அதிர்வலைகள்) விட்டுச்சென்ற சுழல் வடிவ ஒளி முனைவாக்கம், அதாவது ஒளி அதிரும் திசைகளில் ஒரு சுழல் ஒழுங்கு. நம் பால்வீதியின் தூசும் அதே வடிவத்தைத் தரும். பைசெப்-2 பார்த்தது 150 கிகாஹெர்ட்ஸ் என்ற ஒரே அலைவரிசையில். தூசைப் பிரிக்கக் குறைந்தது இன்னொன்று வேண்டும். பிளாங்க்கின் 353 கிகாஹெர்ட்ஸ் தரவில் தூசு பளிச்சென்று தெரியும். 2015இல் இரண்டையும் சேர்த்துப் பார்த்தபோது 0.2 என்று அறிவித்த ஈர்ப்பலை விகிதம் (அடர்த்தி நடுக்கங்களோடு ஒப்பிட்டால் ஈர்ப்பலைகளின் வலு) நிற்கவில்லை. 2021 நிலவரப்படி அது 0.036க்குக் கீழே.

கேள்வி: ஐயா, பெருவீக்கத்துக்கும் முன்னால்? அதுவேதான் தொடக்கமா?

பதில்: தொடக்கம் அல்ல. சராசரியாக விரிந்துகொண்டே இருக்கும் வெளியை முடிவில்லாமல் பின்னோக்கி நீட்ட முடியாது என்று இயற்பியலாளர்கள் போர்ட், கூத், விலென்கின் மூவரும் 2003இல் காட்டினார்கள். ஆகவே பெருவீக்கத்துக்கும் ஒரு முன்கதை வேண்டும். பெருவீக்கத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான ஸ்டைன்ஹார்டே இன்று அதன் கடும் விமர்சகர். பிரபஞ்சம் முன்பு மெல்லச் சுருங்கிப் பிறகு எழும்பியது என்பது அவர் தரப்பு. அந்தத் தரப்பில் தொடக்ககால ஈர்ப்பலைகள் அளக்க முடியாத அளவு சிறியவை. பெருவீக்க மாதிரிகளில், 1980இல் சோவியத் இயற்பியலாளர் ஸ்டாரோபின்ஸ்கி தந்த வடிவம் சாய்வு எண்ணைச் சரியாகச் சொல்வதோடு, ஈர்ப்பலை விகிதம் 0.003 முதல் 0.004 வரை இருக்கும் என்கிறது. ஜப்பான் திட்டமிடும் லைட்பேர்ட் செயற்கைக்கோள் இந்த விகிதத்தை அளப்பதற்கானது; அதன் இலக்குத் துல்லியம் 0.001.