புதுக் கணினியில் பிடிஎஃப் திறக்க எதைப் போடுவது?

கேள்வி: மகளின் கல்லூரிப் படிப்புக்காக விண்டோஸ் 11 லேப்டாப் ஒன்று வாங்கியிருக்கிறோம். “பிடிஎஃப் சாஃப்ட்வேர், ஆபீஸ், ஆன்டிவைரஸ் மூன்றையும் சேர்த்து 800 ரூபாய்க்குப் போட்டுத் தருகிறோம்” என்கிறார்கள் கடையில். பிடிஎஃப் பார்க்கப் பணம் கொடுக்க வேண்டுமா? இலவசமாகக் கிடைப்பவற்றில் எதை நம்பலாம்? (வாசகி, திருச்சி)

பதில்: அந்த 800 ரூபாயைக் கொடுக்காதீர்கள். அதைவிட முக்கியம், அவர்கள் பென் டிரைவிலிருந்து எதையும் ஏற்ற விடாதீர்கள். மூன்றையும் முறையான உரிமத்தோடு அந்த விலைக்குத் தர எந்தக் கடைக்கும் கட்டுப்படியாகாது. அப்படித் தரப்படுபவை பெரும்பாலும் கிராக் செய்த, அதாவது உரிமப் பூட்டை உடைத்த பிரதிகள்தான். கிராக் வேலை செய்வதற்காகக் கணினியின் பாதுகாப்பை அணைப்பார்கள், அப்டேட் வராமல் தடுத்து வைப்பார்கள். பெட்டி பிரித்த அன்றே புதுக் கணினிக்கு இந்தக் கதி வரக்கூடாது. ‘எந்த மென்பொருள், எந்த உரிமம் என்று பில்லில் எழுதித் தருவீர்களா?’ என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் பேச்சு அதோடு முடிந்துவிடும்.

பிடிஎஃப் பார்க்க நீங்கள் எதையும் தேடிப் போக வேண்டிய அவசியமே இல்லை. விண்டோஸ் 11 உடன் வரும் எட்ஜ் உலாவியே பிடிஎஃப்பைத் திறக்கும். குரோம், ஃபயர்ஃபாக்ஸ் இரண்டும் திறக்கும். வரிகளுக்கு வண்ணம் பூசுவது, படிவத்தை நிரப்புவது, அச்செடுப்பது எல்லாம் எட்ஜிலேயே முடியும். உலாவியில் திறப்பதில் பாதுகாப்பும் கூடுதல். அப்டேட் தானாகவே வந்துகொண்டிருக்கும். திறக்கும் கோப்பில் கோளாறு இருந்தாலும் அது கணினியின் மற்ற பகுதிகளைத் தொடாதபடி தடுக்கும் ஏற்பாடும் உள்ளேயே இருக்கிறது.

இலவசம் என்றால் தரம் குறைந்ததாக இருக்குமோ என்ற தயக்கம் வேண்டாம். பிடிஎஃப்பை 1993-ல் கொண்டுவந்தது அடோபி நிறுவனம். ஆனால் 2008-லேயே அது ஐஎஸ்ஓ 32000 என்ற பொதுத் தரநிலை ஆகிவிட்டது. அதைப் படிக்கும் மென்பொருளை யார் வேண்டுமானாலும் எழுதலாம். நல்ல இலவச ரீடர்கள் இத்தனை இருப்பதற்குக் காரணம் அதுதான்.

உங்கள் மகள் நூற்றுக்கணக்கான பக்கங்கள் கொண்ட பாடப்புத்தகங்களைப் பிடிஎஃப்பில் படிப்பவராக இருந்தால் மட்டும் தனியாக ஒன்று போடலாம். நான் சொல்வது சுமத்ரா பிடிஎஃப். திறமூல மென்பொருள் (அதன் நிரலை யாரும் பார்க்கலாம்), அளவில் மிகச் சிறியது, விளம்பரம் இல்லை. பெரிய புத்தகமும் சட்டென்று திறக்கும், விட்ட பக்கத்தை நினைவில் வைத்திருக்கும். இபப், டிஜேவு என்ற மின்னூல் வகைக் கோப்புகளையும் படிக்கும். பிடிஎஃப்புக்குள் யாராவது ஸ்கிரிப்ட் (தானாக ஓடும் சிறு நிரல்) ஒளித்து வைத்திருந்தால் அதை இயக்காது. ஆனால் படிவம் நிரப்பவோ டிஜிட்டல் கையொப்பத்தைச் சரிபார்க்கவோ அதனால் முடியாது. சாதாரணப் படிவத்தை எட்ஜிலேயே நிரப்பிவிடலாம். கையொப்பத்தைச் சரிபார்க்க அடோபியின் அக்ரோபேட் ரீடர் வேண்டியிருக்கும். அதுவும் இலவசம்தான், கொஞ்சம் கனமானது. அதில் ‘எடிட்’, ‘எக்ஸ்போர்ட்’ போன்ற பட்டன்களை அழுத்தினால் சந்தாவுக்கு அழைத்துப் போகும். இலவசச் சோதனைக்காலம் என்று சொல்லி அட்டை எண் கேட்கும் இடத்தில் நின்றுவிடுங்கள். காலம் முடிந்ததும் பணம் தானாக எடுக்கப்படும். அப்படிப்பட்ட ஸ்கிரிப்ட் இயங்காமலிருக்க, அக்ரோபேட்டைப் போட்டவர்கள் பிரிஃபரன்சஸ் பகுதியில் ஜாவாஸ்கிரிப்ட் என்ற இடத்துக்குப் போய் ‘எனேபிள்’ டிக்கை எடுத்துவிடுவது நல்லது. சில அரசுப் படிவங்களுக்குத்தான் அது தேவைப்படும். அப்போது திரும்பப் போட்டுக்கொள்ளலாம்.

எதைப் போடுகிறோம் என்பதைவிட எங்கிருந்து இறக்குகிறோம் என்பதில்தான் ஆபத்து இருக்கிறது. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ‘ஃப்ரீ பிடிஎஃப்’ என்று கூகுளில் தேடினால் மேலே முதலில் வருபவை விளம்பரங்கள். 2025-ல் ‘ஆப்ஸ்வீட் பிடிஎஃப் எடிட்டர்’ என்ற இலவச மென்பொருள் அப்படி கூகுள் விளம்பரங்கள் வழியாகப் பரவியது. இணையதளம் ஒழுங்காக இருந்தது, மென்பொருளும் சொன்ன வேலையைச் செய்தது. வெளியிட்டவர் யார் என்று காட்டும் டிஜிட்டல் சான்றிதழ் கூட அதில் இருந்தது. ஜூன் மாதக் கடைசியில் தொடங்கி ஏறக்குறைய இரண்டு மாதம் எந்தத் தொந்தரவும் தரவில்லை. ஆகஸ்ட் 21 அன்று வந்த ஒரு கட்டளையோடு உள்ளே இருந்த திருட்டு நிரல் விழித்துக்கொண்டது. உலாவியில் சேமித்து வைத்த கடவுச்சொற்களையும், தளங்களில் நாம் நுழைந்திருப்பதைக் குறித்து வைக்கும் குக்கீகளையும் எடுத்து வெளியே அனுப்பத் தொடங்கியது. பாதுகாப்பு ஆய்வாளர்கள் அதற்கு ‘டேம்பர்டு செஃப்’ என்று பெயர் வைத்தார்கள். போட்டவுடன் ஒன்றும் ஆகவில்லை என்பதால் ஒரு மென்பொருளை நம்பிவிட முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

ஆகவே தேடாதீர்கள், முகவரியை நீங்களே தட்டச்சு செய்யுங்கள். அக்ரோபேட் ரீடருக்கு அடோபி டாட் காம். சுமத்ராவுக்கு ‘சுமத்ரா பிடிஎஃப் ரீடர்’ என்பதை ஆங்கிலத்தில் இடைவெளி இல்லாமல் எழுதி டாட் ஆர்க். மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலிருந்தும் எடுக்கலாம். ஆனால் அங்கேயும் பிடிஎஃப் என்று பெயர் வைத்த செயலிகள் ஏராளம். வெளியிட்டவர் பெயரைப் பார்த்துவிட்டு எடுங்கள். இன்ஸ்டால் செய்யும்போது வேறு எதையாவது ‘சேர்த்துப் போடவா’ என்று கேட்கும் டிக்குகளை எடுத்துவிட்டு நகருங்கள்.

கேள்வி: இ-ஆதாரை இறக்கி குரோமில் திறந்தால் கையொப்பம் இருக்கும் இடத்தில் மஞ்சள் கேள்விக்குறியும் ‘வேலிடிட்டி அன்நோன்’ என்ற வார்த்தையும் வருகின்றன. போலியா? (வாசகர், சேலம்)

பதில்: ஆதார் ஆணையத்தின் தளத்திலிருந்து நீங்களே இறக்கியது என்றால் போலியில்லை. கையொப்பத்தை இன்னும் யாரும் சரிபார்க்கவில்லை என்பதே அந்தக் கேள்விக்குறிக்கு அர்த்தம். குரோம் அந்த வேலையைச் செய்வதில்லை. அக்ரோபேட் ரீடரில் திறந்து, கையொப்பத்தின் மேல் ரைட் கிளிக் செய்து ‘வேலிடேட் சிக்னேச்சர்’ கொடுங்கள். பிறகு ‘சிக்னேச்சர் பிராப்பர்ட்டீஸ்’, அதற்குள் ‘ஷோ சைனர்ஸ் சர்டிஃபிகேட்’. அங்கே சான்றிதழ்கள் மேலிருந்து கீழாக அடுக்காகத் தெரியும். உச்சியில் ‘சிசிஏ இந்தியா’ என்று இருக்கிறதா பாருங்கள். 2000-ம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி அமைந்த, நம் நாட்டு டிஜிட்டல் கையொப்பச் சான்றிதழ்களுக்கெல்லாம் தலைமை அலுவலகம் அது. இருந்தால் மட்டும் ‘டிரஸ்ட்’ பகுதிக்குப் போய் நம்பகமான சான்றிதழ்களில் சேர்த்துவிட்டு, மறுபடி வேலிடேட் செய்யுங்கள். பச்சை டிக் வரும். உச்சியில் வேறு பெயர் இருந்தால் சேர்க்காதீர்கள்.

அச்செடுத்த தாளில் அந்தப் பச்சை டிக் வெறும் படம்தான். தாளைச் சரிபார்க்க வேண்டியவர்கள் அதிலுள்ள கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்துதான் பார்க்க வேண்டும். இன்னொன்று: இ-ஆதாரின் கடவுச்சொல் உங்கள் பெயரின் முதல் 4 ஆங்கில எழுத்துகளும் பிறந்த ஆண்டும். உங்களைத் தெரிந்த யாரும் ஊகித்துவிடக் கூடியது. பூட்டு இருக்கிறதே என்று நம்பி அந்தக் கோப்பை வாட்ஸ்அப் குழுக்களில் போடாதீர்கள்.

கேள்வி: பத்திர நகல், வரி ரசீது எல்லாவற்றையும் ஒரே பிடிஎஃப்பாகச் சேர்த்து அனுப்பச் சொல்கிறது வங்கி. இணையத்தில் இலவசமாகச் சேர்த்துத் தரும் தளங்களைப் பயன்படுத்தலாமா? (வாசகர், மதுரை)

பதில்: சொத்துப் பத்திரத்தையும் ஆதாரையும் பெயர் தெரியாத ஒரு தளத்துக்கு ஏற்றுவதை நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். ஏற்றிய கோப்பை அவர்கள் அழித்தார்களா என்று உங்களால் பார்க்க முடியாது. இலவசமாகக் கோப்பு மாற்றித் தருவதாகச் சொல்லும் சில தளங்கள் தீநிரலை இறக்கிவிடுகின்றன, ஏற்றிய கோப்பிலிருந்து விவரங்களையும் திருடுகின்றன என்று அமெரிக்காவின் எஃப்பிஐ 2025 மார்ச்சில் எச்சரித்தது. நல்ல தளங்களும் உண்டுதான். ஆனால் இந்த வேலைக்குத் தளமே தேவையில்லை. ‘பிடிஎஃப்சாம் பேசிக்’ என்ற இலவசத் திறமூல மென்பொருள் உங்கள் கணினிக்குள்ளேயே பிடிஎஃப்களைச் சேர்க்கும், பிரிக்கும். கோப்பு வெளியே போகாது. வேர்டில் இருப்பதைப் பிடிஎஃப் ஆக்க அச்சு மெனுவிலேயே ‘மைக்ரோசாஃப்ட் பிரிண்ட் டு பிடிஎஃப்’ இருக்கிறது. பிடிஎஃப்பில் ஒரு வார்த்தையை மாற்ற வேண்டுமென்றால் லிப்ரேஆபீஸின் டிரா இலவசமாக அதைச் செய்யும்.

கேள்வி: மின்னஞ்சலில் ‘இன்வாய்ஸ் பிடிஎஃப்’ என்று வந்ததைத் திறந்தேன், ஒன்றுமே தெரியவில்லை. ரீடரில் கோளாறா? (வாசகர், கோவை)

பதில்: அது பிடிஎஃப்பாகவே இல்லாமல் இருக்கலாம். விண்டோஸ் கோப்புப் பெயரின் கடைசிப் பகுதியை வழக்கமாக மறைத்துவிடும். ‘இன்வாய்ஸ் டாட் பிடிஎஃப் டாட் இஎக்ஸ்இ’ என்ற கோப்பு உங்கள் கண்ணுக்கு ‘இன்வாய்ஸ் டாட் பிடிஎஃப்’ என்று மட்டுமே தெரியும். ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் ‘வியூ’, ‘ஷோ’, ‘ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்’ என்று டிக் போட்டுப் பாருங்கள். கடைசியில் இஎக்ஸ்இ என்று இருந்தால் அது ஆவணம் அல்ல, கணினியில் இயங்கும் நிரல். உடனே இணையத் தொடர்பைத் துண்டித்து, விண்டோஸ் செக்யூரிட்டியில் முழு ஸ்கேன் ஓட்டுங்கள். வங்கி, மின்னஞ்சல் கடவுச்சொற்களை வேறொரு கருவியிலிருந்து மாற்றுங்கள். இதைத் தள்ளிப் போடாதீர்கள்.

கேள்வி: அப்பாவுக்குக் கண் பார்வை மங்கல். தமிழ்ப் பிடிஎஃப்பை வாசித்துக் காட்டும் இலவச மென்பொருள் உண்டா? (வாசகி, புதுச்சேரி)

பதில்: எட்ஜிலேயே உண்டு. பிடிஎஃப்பைத் திறந்து கன்ட்ரோல், ஷிஃப்ட், யு மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். குரல் தேர்வில் தமிழுக்குப் பல்லவி, வள்ளுவர் என்ற இருவர் இருக்கிறார்கள். இலங்கைத் தமிழுக்கும் தனிக் குரல்கள் உண்டு. வேகத்தைக் குறைத்துக்கொள்ளலாம். இணையத் தொடர்பு இருக்க வேண்டும்.

கேள்வி: தமிழ்ப் பிடிஎஃப்பில் ஒரு சொல்லைத் தேடினால் எந்த ரீடரிலும் கிடைப்பதில்லை. எதை மாற்றுவது? (ஆய்வு மாணவர், சென்னை)

பதில்: ரீடரை மாற்றிப் பயனில்லை. குறை அந்தக் கோப்பில் இருக்கிறது. ஒரு வரியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். ஆங்கில எழுத்துகளாகக் கொட்டினால் அது பாமினி போன்ற பழைய எழுத்துருவில் செய்தது. என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற இலவச மாற்றியில் அந்த உரையை யுனிகோடு (இன்று எல்லாக் கணினிகளும் புரிந்துகொள்ளும் பொது எழுத்துமுறை) ஆக்கிய பிறகு தேடலாம். தமிழாகவே வந்து கொம்பும் காலும் இடம் மாறிக் கிடந்தால், பிடிஎஃப் உருவானபோதே எழுத்துகளின் வரிசை குலைந்திருக்கிறது. மூலக் கோப்பை வெளியிட்டவரிடம் கேட்டு வாங்க முடியுமா பாருங்கள். வரியையே தேர்ந்தெடுக்க முடியவில்லை என்றால் அது ஸ்கேன் செய்த படம். பொதுவெளியில் இருக்கும் நூலாக இருந்தால் கூகுள் டிரைவில் ஏற்றி கூகுள் டாக்ஸில் திறங்கள், தமிழ் எழுத்துகளை அடையாளம் கண்டு உரையாக்கித் தரும். பிழைகள் வரும். மேற்கோள் எடுக்கும்போது மூலப் பக்கத்தோடு ஒப்பிட்டுத் திருத்திக்கொள்ளுங்கள்.