'நான்' என்பதை நம்மைச் சுற்றியிருப்பவர்கள் எவ்வளவு தூரம் தீர்மானிக்கிறார்கள்?

கேள்வி: ஒருவருடைய 'நான்' என்ற உணர்வைச் சமூகமும் பண்பாடும் எப்படி உருவாக்குகின்றன? அதில் நம் கையில் எதுவுமே இல்லையா?

பெருமளவுக்கு அவைதான் உருவாக்குகின்றன என்பது என் பதில். மொழி, சாப்பாடு, சாமி, சடங்கு என்று நாம் பண்பாட்டுக்குப் போடும் பட்டியல் முழுவதும் அதில் உண்டு. ஆனால் அவற்றுக்கும் முன்னால் வேலை செய்வது, அக்கம்பக்கத்தார் நம்மை எந்தக் கூட்டத்தோடு சேர்த்துப் பார்க்கிறார்கள், எதில் சேர்க்க மறுக்கிறார்கள் என்பதுதான். நான் கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தோட்டக் காலனியில் வளர்ந்தவள். இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியோர் குடும்பம். இப்போது பள்ளி ஆசிரியை. அதனால் எங்கள் வீட்டிலிருந்தே சொல்கிறேன்.

என் அம்மாயி, அதாவது அம்மாவின் அம்மா, பிறந்தது இலங்கையில், ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீட்டில். அவருடைய அம்மாவும் அங்கேயே பிறந்தவர். ஆனாலும் யார் கேட்டாலும் 'எங்க ஊரு துறையூரு' என்றுதான் சொல்வாராம். முன்னோர் கிளம்பிவந்த அந்தத் துறையூரை அவர் கண்ணால் பார்த்ததில்லை. கல்யாணம் பேசும்போதும் சண்டை போடும்போதும் துறையூர்க்காரங்க, நாமக்கல்காரங்க, புதுக்கோட்டைக்காரங்க என்றுதான் தோட்டத்தில் பேச்சு ஓடும். தோட்டத்துக்கு வெளியே இருந்தவர்களுக்கு இவர்கள் எல்லோரும் ஒரே கூட்டம்: இந்தியாக்காரர்கள். சட்டமும் அப்படியே பார்த்தது. 1948இல் வந்த இலங்கைக் குடியுரிமைச் சட்டம், தகப்பன் அந்த மண்ணில் பிறந்தவர் என்றோ, தகப்பன் வழிப் பாட்டனும் பூட்டனும் அங்கே பிறந்தவர்கள் என்றோ காட்டச் சொன்னது. லயத்தில் பிறந்தவர்களிடம் அதற்கு ஏது காகிதம்? லட்சக்கணக்கானவர்கள் எந்த நாட்டுக்கும் குடிமக்கள் இல்லாமல் போனார்கள். 1964 அக்டோபரில் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களைப் பங்கு பிரித்தது. மொத்தம் 9,75,000 பேரில் இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000. மீதி 1,50,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். எங்கள் குடும்பம் முதல் கணக்கில் வந்தது.

எழுபதுகளில் தலைமன்னாரில் கப்பல் ஏறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் தங்கி, துறையூருக்கும் போய்ப் பார்த்திருக்கிறார்கள். பங்காளி வீட்டில் திண்ணையில் உட்கார வைத்துக் காப்பி கொடுத்து, 'சிலோன்ல இருந்து வந்திருக்காங்க' என்று தெருவுக்கே அறிமுகம் செய்தார்களாம். காலமெல்லாம் சொந்த ஊர் என்று சொல்லிவந்த இடத்திலேயே அம்மாயி சிலோன்காரி ஆனார். பிறகு கோத்தகிரிக்கு வந்து, எங்களைப் போன்றவர்களுக்காகவே அரசு தொடங்கிய டான்டீ தோட்டத்தில் கொழுந்து எடுக்கப் போனார். இங்கேயும் சிலோன்காரிதான். கொஞ்ச வருஷத்தில் அவர் பேச்சே மாறிவிட்டது. யாராவது கேட்டால் 'எங்க ஊரு ஹட்டன்'.

இதை வெறும் ஊர் ஏக்கம் என்று சொல்லி விட்டுவிட எனக்கு மனமில்லை. 'நீ எங்க ஆளு இல்ல' என்று சுற்றியிருப்பவர்கள் தினமும் ஏதோ ஒரு விதத்தில் உணர்த்திக்கொண்டே இருந்தால், 'நான் இன்ன இடத்து ஆளு' என்று திருப்பிச் சொல்ல ஒரு ஊர் வேண்டியிருக்கிறது. அங்கே இருந்தவரை அதற்குத் துறையூர் உதவியது. இங்கே ஹட்டன் உதவியது.

சாப்பாட்டுக்கும் இதுதான் நடந்தது. கோதுமை மாவில் தேங்காய்ப்பூவைப் போட்டுப் பிசைந்து, கனமாகத் தட்டி, கல்லில் எண்ணெய் விடாமல் சுட்டு எடுப்பார் அம்மாயி. ஓரம் கருகினால்தான் அவருக்குத் திருப்தி. தொட்டுக்கொள்ளச் சம்பல். காய்ந்த மிளகாயும் உப்பும் சின்ன வெங்காயமும் அம்மியில் நசுங்கியதும் தேங்காய்ப்பூவை அதன் மேல் போட்டு, நிறம் ஏறும்வரை இழுத்து அரைத்து, கடைசியில் எலுமிச்சை பிழிவார். தோட்டத்தில் இருந்தபோது அது விடிகாலையில் மலைக்குப் போகும் முன் வயிற்றில் போட்டுக்கொள்ளும் சாப்பாடு, அவ்வளவுதான். இங்கே வந்து, பக்கத்து வீட்டுக்காரர்கள் 'சிலோன் ரொட்டி' என்று சொல்லத் தொடங்கிய பிறகே அது 'எங்க சாப்பாடு' ஆனது. விருந்தாளிக்கும் வைக்க ஆரம்பித்தார்கள். ஒரு பழக்கம் நம் அடையாளமாக மாறுவது பெரும்பாலும் அடுத்தவர் கண் அதன்மேல் பட்ட பிறகுதான் என்று நான் நம்புகிறேன்.

இதற்கு நேர் எதிராக வளர்ந்தவள் என் படுகத் தோழி. அவள் ஹட்டிக்கு, அதாவது படுகர் ஊருக்கு, நான் போகும்போதெல்லாம் கவனித்திருக்கிறேன். பெரியவர் எதிரே வந்தால் சின்னவர்கள் தலை குனிகிறார்கள். அவர் தலையில் கை வைத்து வாழ்த்துகிறார். ஒரு குழந்தை பள்ளிக்கூடம் போவதற்குள் எத்தனை கைகள் அதன் தலையைத் தொட்டிருக்கும்! தான் யாருக்கு இளையவள், யார் தனக்கு முறை, யாரைக் கல்யாணம் செய்ய முடியாது என்பதெல்லாம் அவளுக்கு யாரும் உட்கார வைத்துச் சொல்லித்தராமலே தெரியும். ஹெத்தை அம்மன் திருவிழாவுக்கு வெள்ளைத் துண்டைப் போர்த்திக்கொண்டு கூட்டத்தில் நிற்கும்போது 'நான் யார்' என்ற கேள்வி அவளுக்கு எழுவதே இல்லை. சின்ன வயதில் எனக்கு அதில் பொறாமை உண்டு. வளர்ந்த பிறகு, அதே உறுதி அவளை எப்படி இறுக்கிப் பிடித்தது என்பதையும் கூட இருந்து பார்த்தேன். படிப்பு, வேலை, கல்யாணம் எதை எடுத்தாலும் அவள் தனியாக முடிவு செய்ய முடியவில்லை.

இதைப் பற்றி ஆராய்ந்தவர்கள் நிறையப் பேர். அடுத்தவர் நம்மை எப்படிப் பார்க்கிறார், எப்படி எடை போடுகிறார் என்று நாம் நினைத்துக்கொள்வதிலிருந்தே நம்மைப் பற்றிய எண்ணம் பிறக்கிறது என்று அமெரிக்கச் சமூகவியலாளர் சார்லஸ் கூலி 1902இல் எழுதினார். 1954இல் கூன், மெக்பார்ட்லண்ட் என்ற இருவர் ஒரு சோதனை கொண்டுவந்தார்கள்: 'நான் யார்?' என்ற கேள்விக்கு 20 பதில் எழுத வேண்டும். 1991இல் மார்கஸ், கிட்டயாமா என்ற இரண்டு உளவியலாளர்கள், அமெரிக்கா போன்ற இடங்களில் மனிதர்கள் தங்களைத் தனி ஆளாகவும், ஜப்பான் போன்ற இடங்களில் உறவுகளோடு பிணைந்தவராகவும் உணர்கிறார்கள் என்று விளக்கினார்கள். இந்தக் கிழக்கு – மேற்குப் பிரிப்பு எனக்குப் போதவில்லை. கோத்தகிரியிலிருந்து குன்னூர் போகும் ஒரே பஸ்ஸில் படுகர், இருளர், எங்களைப் போன்றவர்கள், சமவெளியிலிருந்து வேலைக்கு வந்தவர்கள் என்று எல்லோரும் உட்கார்ந்திருப்பார்கள். 'நான்' என்று சொல்லும்போது அவர்கள் மனதில் ஓடுவது ஒன்றாகவா இருக்கும்?

அந்தச் சோதனையை என் வகுப்புப் பிள்ளைகளிடம் செய்து பார்த்திருக்கிறேன். 'நான் அம்மாவுக்கு உதவி செய்வேன்', 'நான் தங்கச்சிக்கு அக்கா' என்று முதலில் வேகமாக வரும். பாதிக்கு மேல் பேனா நிற்கும். அதற்கப்புறம் எழுதுவதுதான் படிக்க வேண்டியது. 'எனக்கு இருட்டு பிடிக்கும்' என்று ஒரு பெண் எழுதியிருந்தாள். அதை அவளுக்கு எந்தச் சமூகமும் சொல்லிக்கொடுத்திருக்காது.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். நம் கையிலும் இருக்கிறது. அம்மாயி கடைசிவரை இலங்கைப் பேச்சு வழக்கில் 'விளங்குதா?' என்றே கேட்டார். அம்மா பள்ளியில் கேலிக்கு ஆளானதும் 'புரியுதா'வுக்கு மாறிக்கொண்டார். வீட்டுக்குள்ளும் பழைய சொல்லுக்குத் திரும்பவில்லை. ஒரே வீடு, ஒரே காலனி, ஒரே கேலி. அதற்கு இரண்டு பெண்கள் இரண்டு விதமாகப் பதில் சொன்னார்கள். எந்த வார்த்தைகள் கையில் கிடைக்கும் என்பதைச் சுற்றம் முடிவு செய்கிறது. அவற்றில் எதை எடுப்பது, எதைக் கீழே போடுவது என்பதில் மனிதருக்கு இடம் இருக்கிறது. ஆனால் அந்த இடம் எல்லோருக்கும் ஒரே அளவு இல்லை. சாதிச் சான்றிதழுக்காக ஓர் அலுவலகத்தில் நின்றபோது, 'பூர்வீகம் எதுன்னு ஆதாரம் காட்டுங்க' என்றார்கள். அந்த மேசைக்கு முன்னால் ஹட்டன், துறையூர், கோத்தகிரி மூன்றும் எனக்கு உதவவில்லை. நான் என்னை யாராக உணர்கிறேன் என்று அங்கே யாரும் கேட்கவும் இல்லை.

கோயம்புத்தூருக்குக் கல்லூரிக்குப் போனபோது இன்னொன்று நடந்தது. விடுதியில் எல்லோரும் என்னை 'ஊட்டிக்காரி' என்றார்கள். மலையில் இருந்தவரை யாரும் என்னை இந்த மலையின் ஆளாகப் பார்த்ததில்லை. மேட்டுப்பாளையம் தாண்டியதும் அது தானாகக் கிடைத்தது. அந்தப் பெயரை நான் மகிழ்ச்சியோடு எடுத்துக்கொண்டேன், இன்றுவரை வைத்திருக்கிறேன்.

இப்போது எங்கள் பக்கத் தோட்டங்களில் ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்தவர்கள் கொழுந்து எடுக்கிறார்கள். எங்கள் பழைய வீடுகளில் குடியிருக்கிறார்கள். எங்கள் காலனிக்காரர்களே அவர்களை 'இந்திக்காரங்க' என்கிறார்கள். அவர்களில் பலருக்கு வீட்டுமொழி சாத்ரி. இந்தி அவர்களுக்கும் பள்ளியில் படித்த மொழிதான். அந்தப் பிள்ளைகளில் சிலர் என் வகுப்பில் இருக்கிறார்கள். 'இந்திக்காரன்' என்று யாராவது கூப்பிட்டால் நான் பாடத்தை நிறுத்திவிடுவேன். அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்ட பிறகுதான் பாடம் தொடரும். காலனிப் பெரியவர்களிடமும் இதைப் பேசிக்கொண்டிருக்கிறேன். அவர்களிடம் கொஞ்சம் நாளாகும்.