டல்லாஸ் தம்பிக்கு: ஆர்.வி. வாங்குவதற்கு முன்

டல்லாஸிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "எச்1பி வேலை விசாவில் அமெரிக்கா வந்து இரண்டு வருடம் ஆகிறது. அபார்ட்மென்ட் வாடகைக்கே மாதம் 1,900 டாலர் போய்விடுகிறது. வேலை வீட்டிலிருந்துதான். ஒரு பழைய ஆர்.வி. (படுக்கை, அடுப்பு, கழிவறை எல்லாம் உள்ள வண்டி வீடு) வாங்கி அதிலேயே குடியிருந்து ஊர் ஊராகச் சுற்றினால் வாடகை மிச்சம், நாற்பது வயதில் வேலையை விட்டுவிடலாம் என்று நானும் மனைவியும் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறோம். நீங்களும் சாரும் நான்கு வருடமாக அப்படித்தானே இருக்கிறீர்கள். செய்யலாமா அக்கா?"

இப்போதைக்கு வேண்டாம் தம்பி. ஆசையில் தப்பே இல்லை. ஆனால் நீங்கள் போட்ட கணக்கில் வாடகை இருக்கிறது, விசா இல்லை.

உங்கள் கம்பெனி எச்1பிக்கு மனு போட்டபோது எல்.சி.ஏ. என்று ஒரு தாள் சேர்த்திருக்கும். எந்த ஊரில் உட்கார்ந்து வேலை பார்ப்பீர்கள் என்பது அதில் எழுதியிருக்கும். வீட்டிலிருந்து வேலை என்றால் அந்த வீடுதான் உங்கள் வேலையிடம். டல்லாஸ் வட்டாரத்துக்குள் வீடு மாற்றினால் பெரிய தலைவலி இல்லை. அரிசோனாவில் இரண்டு மாதம், யூட்டாவில் இரண்டு மாதம் என்று கிளம்பினால், கிளம்புவதற்கு முன்பே கம்பெனி திருத்திய மனு போட வேண்டியிருக்கும். சில வாரம் வெளியூரில் இருந்து வேலை பார்க்க விலக்கு உண்டுதான், அதை வைத்துக் குடித்தனம் நடத்த முடியாது. நீங்கள் ஊர் சுற்றுவதற்காக எந்த முதலாளி வக்கீல் ஃபீஸ் கட்டிக்கொண்டே இருப்பார்?

இன்னொன்று. இப்படிச் சுற்றுகிறவர்கள் வழியில் வேலை பார்த்துத்தான் செலவைச் சமாளிக்கிறார்கள். கேம்ப் ஹோஸ்ட் என்பார்கள்: முகாமில் வருகிறவர்களைக் கவனித்து, கழிவறை கழுவி, அடுப்புக்குழிச் சாம்பலை அள்ளினால் நிறுத்தும் இடம் இலவசம். அக்டோபரில் வடக்கு டகோட்டா, மின்னசோட்டா எல்லையில் சிவப்பு ஆற்றுப் பள்ளத்தாக்கில் சீனி எடுக்கிற பீட் கிழங்கு அறுவடை நடக்கும், 12 மணி நேர ஷிப்ட், கை நிறையக் கூலி. எச்1பியில் இருக்கும் நீங்கள் இதில் ஒன்றைக்கூடத் தொடக் கூடாது. சம்பளமே வாங்கவில்லை, இடம் மட்டும்தான் கொடுத்தார்கள் என்று சொன்னாலும் அது வேலைதான்.

பணம் சேர்ந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். கணக்கில் பத்து லட்சம் டாலர் கிடக்கிறது. வேலையை விட்டீர்களானால் அதிகபட்சம் 60 நாள்தான். அதற்குள் வேறு முதலாளியோ வேறு விசாவோ கிடைக்காவிட்டால் கிளம்ப வேண்டியதுதான். இங்கே பிறந்தவன் 'ஃபயர்' (பணம் சேர்த்துக்கொண்டு இளம் வயதிலேயே ஓய்வு) என்று சொல்லிவிட்டு மறுநாள் மலையேறப் போகலாம். உங்களுக்கு அதற்கு முதலில் கிரீன் கார்டு வேண்டும். இந்தியாவில் பிறந்தவர்களுக்கு அந்த வரிசை எவ்வளவு நீளம் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஊருக்குத் திரும்பத்தான் பணம் சேர்க்கிறீர்கள் என்றால் அது வேறு கணக்கு, அதற்கு ஆர்.வி. எதற்கு?

நாங்கள் 1999 கடைசியில் வந்தோம். கிரீன் கார்டு 2008இல், குடியுரிமை 2014இல். சின்னவள் கல்லூரி முடித்து வேலைக்குப் போன பிறகு, 2022 பிப்ரவரியில்தான் நியூ ஜெர்சி வீட்டைக் கொடுத்துவிட்டு இந்த வண்டியில் ஏறினோம். ஃபோர்ட் அடித்தளத்தில் கட்டிய, கிளாஸ் சி என்கிற நடுத்தர வகை, 27 அடி. அப்போது இவருக்கு அறுபது வயது. ஆகவே எங்களைப் பார்த்து நீங்கள் சூடு போட்டுக்கொள்ள வேண்டாம்.

வாடகை மிச்சம் என்றீர்களே, அதைச் சொல்கிறேன். முதல் வருடம் எங்களுக்குச் சராசரியாக மாதம் 4,600 டாலர் ஆனது. காரணம் ஆசைதான். பார்க்காததை எல்லாம் பார்த்துவிட வேண்டும் என்று 14,000 மைல் ஓடினோம். வண்டி காலனுக்கு எட்டு மைல் கொடுக்கும். அந்த ஜூனில் நாடு முழுக்கப் பெட்ரோல் சராசரி ஐந்து டாலரைத் தாண்டியிருந்தது. எரிபொருளுக்கு மட்டும் அந்த வருடம் 7,400 டாலர். ராத்திரி தங்க ஆர்.வி. பார்க், சராசரி 40 டாலர், அது மாதம் 1,200. உங்கள் அபார்ட்மென்ட் வாடகையைக் கிட்டத்தட்ட முழுதாக இந்த இரண்டுமே சேர்ந்து தின்றுவிடும்.

இரண்டாம் வருடம் ஓடியது 4,000 மைல்தான். மாதச் செலவு 2,700. வண்டி அதே வண்டி, நாங்களும் அதே ஆட்கள், நின்ற நாட்கள்தான் கூட. வெயில் காலத்தில் நான்கு மாதம் மலைமேல் ஒரு முகாமில் ஹோஸ்ட். குளிர்காலம் அரிசோனாவின் குவார்ட்ஸைட்.

குவார்ட்ஸைட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மேற்கு மாநிலங்களில் பி.எல்.எம். என்கிற மத்திய அரசு நிலத் துறையின் கையில் கோடிக்கணக்கான ஏக்கர் பொட்டல் நிலம் இருக்கிறது. பல இடங்களில் காசு கொடுக்காமலே வண்டியை நிறுத்திக்கொள்ளலாம், பொதுவாக 28 நாளில் 14 நாள், பிறகு நகர்ந்துவிட வேண்டும். குவார்ட்ஸைட் பக்கம் லா போசாவில் நீண்ட காலம் தங்கவே இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். செப்டம்பர் 15இலிருந்து ஏப்ரல் 15 வரை ஏழு மாதத்துக்கு நாங்கள் கட்டியது 180 டாலர். தண்ணீர் பிடிக்க, கழிவை இறக்க, குப்பை போட அங்கேயே வசதி. கரண்ட் கிடையாது, சோலார்தான். ஊருக்குள் கல்லறைத் தோட்டத்தில் ஒரு கல் பிரமிடு, உச்சியில் ஓர் ஒட்டகம். அமெரிக்க ராணுவம் 1850களில் ஒட்டகங்களை வைத்துப் பாலைவனத்தில் பாரம் சுமக்க வைத்துப் பார்த்தபோது ஒட்டகம் மேய்க்க வந்த ஹாஜி அலியின் சமாதி அது. இந்த ஊர்க்காரர்கள் வாயில் அவர் 'ஹை ஜாலி' ஆகி, 1902இல் இங்கேயே போய்ச் சேர்ந்தார். என் பெயரை இவர்கள் படுத்துகிற பாட்டை நினைத்துக்கொண்டு நான் அங்கே கொஞ்ச நேரம் நின்றேன்.

சமையல் எப்படி என்று உங்கள் மனைவி கேட்பார். இட்லி மாவு அரைப்பது பகல் 12 மணிக்குத்தான். வெயில் உச்சியில் இருந்து பேட்டரி நிறைந்தால்தான் 750 வாட் மிக்ஸி ஓடும். கிரைண்டரை மகள் வீட்டில் விட்டுவிட்டேன். ஜனவரி ராத்திரி குளிரில் மாவு பொங்காது, போர்வை சுற்றி அடுப்புக்குக் கீழே இருக்கிற ஓவனுக்குள் வைத்து, காலையில் கண்ணாடிக்குப் பக்கத்தில் டாஷ்போர்டில் வெயில் காட்டுவேன். கடுகு தாளித்தால் புகை அலாரம் அலறும். நல்ல தண்ணீர்த் தொட்டி 40 காலன், இரண்டு பேருக்கு ஆறு நாள். அரிசி கழுவிய தண்ணீரில்தான் முதலில் பாத்திரம் அலசுவேன். கழிவு இறக்கும்போது கறுப்புத் தொட்டி என்கிற கழிவறைத் தொட்டியை முதலில் திறந்து, பிறகு சமையல், குளியல் தண்ணீர்த் தொட்டியைத் திறக்க வேண்டும், அந்தத் தண்ணீர் குழாயைக் கழுவிவிடும். இவர் ஒரு தடவை மாற்றித் திறந்துவிட்டார். அந்தக் கதை வேண்டாம்.

பழைய ஆர்.வி. வாங்கப் போகிறேன் என்கிறீர்கள். எங்களுடையதும் பழசுதான். ஃபிளாக்ஸ்டாஃப் பக்கம் இரண்டு நாள் விடாத மழை. மூன்றாம் நாள் காலை படுக்கைக்கு மேலே கூரைப் பலகையை விரலால் அழுத்தினேன், நனைந்த அப்பளம் மாதிரி உள்ளே போனது. மேலே காற்றுப்போக்கியைச் சுற்றிப் பூசியிருந்த பசை வெடித்து எத்தனை மாதமாகத் தண்ணீர் இறங்கியதோ. பட்டறையில் மூன்று நாள் என்றார்கள், 23 நாள் வைத்துக்கொண்டார்கள். கார் பட்டறையில் கிடந்தால் பஸ்ஸில் போகலாம். இங்கே வீடே பட்டறையில். மோட்டலில் படுத்து அதற்கும் அழுதோம். ரிப்பேர், டயர் என்று மாதம் 350 எடுத்து வைப்பது அதற்குப் பிறகுதான்.

இன்சூரன்ஸுக்கு வருகிறேன், இதில்தான் பலர் சறுக்குகிறார்கள். ஓடிக்கொண்டே இருந்தாலும் சட்டப்படி ஒரு மாநிலம் வேண்டும். டெக்சாஸ், ஃப்ளோரிடா, தெற்கு டகோட்டா மூன்றிலும் மாநில வருமான வரி இல்லாததால் ஆர்.வி.காரர்கள் அங்கேதான் முகவரி வைப்பார்கள். தெற்கு டகோட்டாவில் ஒரு ராத்திரி தங்கிய ரசீதைக் காட்டியே ஓட்டுநர் உரிமம் எடுக்கிறார்கள். ஆனால் 65 வயதுக்குள் மருத்துவக் காப்பீடு மாநிலத்துக்கு மாநிலம் வேறு, பல திட்டங்கள் சொந்த வட்டாரத்தை விட்டு வெளியே அவசர சிகிச்சைக்கு மட்டும்தான் செல்லும். நாங்கள் ஃப்ளோரிடாவை எடுத்தது கடற்கரைக்காக இல்லை, வெளி மாநில டாக்டரையும் பார்க்கிற திட்டம் அங்கே கிடைத்ததற்காக. மானியம் போக இரண்டு பேருக்கு மாதம் 780. அடுத்த வருடம் இவருக்கு மெடிகேர், அதாவது 65 வயதில் கிடைக்கிற அரசுக் காப்பீடு, வந்துவிடும். நேரடி மெடிகேர் நாடு முழுக்கச் செல்லும், தனியார் கம்பெனிகள் நடத்தும் அட்வான்டேஜ் திட்டத்தில் மறுபடி வட்டாரக் கட்டுப்பாடு. பல்லுக்கு யூமாவுக்குப் பக்கத்தில் எல்லையில் வண்டியை நிறுத்திவிட்டு, நடந்தே மெக்சிகோவின் லாஸ் அல்கோடோனெஸுக்குப் போவோம். தெருவுக்குத் தெரு பல் டாக்டர்தான்.

இனி நாற்பது வயதுக் கணக்கு. முதல் வருடம் சேமிப்பில் 4 சதவீதம் எடுத்து, பிறகு விலைவாசிக்கு ஏற்பக் கூட்டிக்கொள்ளலாம் என்று எல்லாரும் சொல்கிற 4 சதவீத விதியை வில்லியம் பெங்கன் 1994இல் எழுதியது 30 வருட ஓய்வுக் காலத்துக்கு. வருடச் செலவைப்போல 25 மடங்கு என்பது அதிலிருந்து வந்ததுதான். எங்கள் 2,700ஐ எடுத்தால் வருடம் 32,400. ஊருக்குப் போய் வர இரண்டு பேருக்கு 3,600 சேர்த்தால் 36,000, அதன் 25 மடங்கு ஒன்பது லட்சம் டாலர். நாற்பதில் விடுகிறவருக்கு ஐம்பது வருடம் ஓட வேண்டும், எனக்குத் தெரிந்தவர்கள் அதற்கு 3 முதல் 3.5 சதவீதத்துக்கு மேல் எடுப்பதில்லை. இதில் பிள்ளை இல்லை, ஊரில் அப்பா அம்மா மருத்துவம் இல்லை. நமக்கு அந்த இரண்டும் வராமல் போகுமா? கம்பெனி வழியாகச் சேர்க்கும் 401கே ஓய்வுக்காலப் பணத்தை 59½ வயதுக்கு முன் எடுத்தால் பொதுவாக வரியோடு 10 சதவீதம் அபராதம். விதிவிலக்குகள் உண்டு, வரி கட்டிய பணத்தை நீங்களே போட்டு வைக்கிற ராத் ஐ.ஆர்.ஏ. ஓய்வுக் கணக்கில் நீங்கள் போட்ட முதலை எடுக்கலாம், அதனால் இரண்டிலும் போட்டு வையுங்கள். ஊரில் மியூச்சுவல் ஃபண்ட் வைத்திருந்தால் வரிக்காரரிடம் இப்போதே காட்டுங்கள், இங்கே அதற்குத் தனிப் படிவம், கசக்கும் வரி. எல்லா இந்தியக் கணக்குகளும் சேர்ந்து வருடத்தில் ஒரு நாளாவது 10,000 டாலரைத் தாண்டினால் எஃப்பார் என்கிற வெளிநாட்டுக் கணக்கு அறிக்கை தாக்கல் செய்ய வேண்டும். இதை நாங்கள் ஆறு வருடம் தெரியாமலே இருந்தோம்.

அப்படியும் ஆர்.வி.யில்தான் இருப்பேன் என்றால் ஒரு வழி இருக்கிறது. டல்லாஸ் வட்டாரத்துக்குள்ளேயே மாத வாடகை ஆர்.வி. பார்க் பாருங்கள், உங்கள் வாடகையில் பாதிக்கும் கீழே கிடைக்கும், கரண்ட் தனி. கம்பெனியிடம் புது முகவரியைச் சொல்லிவிட்டு, பத்து நாளுக்குள் குடிவரவுத் துறைக்கு ஏ.ஆர்.11 என்கிற முகவரி மாற்றப் படிவம் போடுங்கள். அவர்கள் அனுப்பும் கார்டையும் தாளையும் தபால்காரர் பழைய முகவரியிலிருந்து திருப்பி விடுவார் என்று நம்ப வேண்டாம். ஆனால் வண்டி வாங்கும் முன் இரண்டு வார லீவில் ஒன்றை வாடகைக்கு எடுத்து, மழையில் நான்கு நாளாவது இருந்து பாருங்கள். 27 அடிக்குள் கோபித்துக்கொண்டு போக வேறு அறை கிடையாது.

ஜனவரியில் வந்தால் நாங்கள் லா போசாவில்தான் இருப்போம். வரும்போது ஃபீனிக்ஸில் இரண்டு பாக்கெட் உளுந்து வாங்கி வாருங்கள், அதற்கென்று நான் போக வர 250 மைல் ஓட வேண்டியிருக்கிறது.