நெய்வேலி: அடியில் நிற்கும் தண்ணீர்

அன்புள்ள ஐயா,

தன்பாத் அருகேயுள்ள சாஸ்நாலா நிலக்கரிச் சுரங்க விபத்தைப் பற்றித் தாங்கள் எழுதியிருந்த கட்டுரையை என் தந்தைக்கு வாசித்துக் காட்டினேன். அவர் நெய்வேலி முதலாம் சுரங்கத்தில், வெட்டிய மண்ணையும் கரியையும் சுமந்து ஓடும் கன்வேயர் பெல்ட் பிரிவில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை செய்து ஓய்வு பெற்றவர். "அதெல்லாம் பூமிக்குள்ள இறங்குற சுரங்கம். நம்மது தலைக்கு மேல வானம் தெரியுற சுரங்கம். இதுல என்ன ஆபத்து இருக்கு?" என்று சொல்லிவிட்டு, வழக்கம்போல் இருமத் தொடங்கினார். எனக்குக் கேட்பதற்கு மூன்று கேள்விகள் உள்ளன. நெய்வேலிச் சுரங்கம் உண்மையில் எப்படித் தொடங்கியது? திறந்தவெளிச் சுரங்கம் என்பதால் அது பாதுகாப்பானது என்று சொல்லிவிட முடியுமா? அவருடைய இருமலுக்கும் அந்த வேலைக்கும் தொடர்பு இருக்குமா?

அன்புடன்,
ம., பண்ருட்டி

அன்புள்ள ம. அவர்களுக்கு,

தங்கள் தந்தை சொன்னதில் பாதி சரி. நிலத்தடிச் சுரங்கத்தின் பெரிய எமன்களான கூரைச் சரிவும் மீத்தேன் வெடிப்பும் திறந்தவெளிச் சுரங்கத்தில் இல்லை. 1965ஆம் ஆண்டு மே 28 அன்று இன்றைய ஜார்க்கண்டிலுள்ள தோரி சுரங்கத்தில் நிலக்கரித் தூசியே வெடித்து 268 பேர் மாண்டார்கள். மேலே திறந்து கிடக்கும் குழியில் அப்படியொரு வெடிப்பு நிகழ்வதற்கு வழியில்லை. ஆனால் சாஸ்நாலாவை அவர் அவ்வளவு எளிதாகத் தள்ளிவிட்டிருக்க வேண்டாம். 1975 டிசம்பர் 27 அன்று அங்கே 375 பேரைக் கொன்றது வாயுவோ நெருப்போ அன்று, பக்கத்துப் பழைய சுரங்கத்தில் தேங்கியிருந்து உடைத்துக்கொண்டு வந்த தண்ணீர். நெய்வேலியின் கதையும் தண்ணீரில்தான் தொடங்குகிறது, இன்றுவரை தண்ணீரோடுதான் நடக்கிறது.

அந்த வட்டாரத்தில் பழுப்பு நிலக்கரி இருக்கிறது என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டின் எண்பதுகளிலேயே, புதுச்சேரிக்கு அருகே பாகூரில் துளையிட்டபோது தெரியவந்துவிட்டது. எனினும் அன்று யாரும் அதைப் பின்தொடரவில்லை. 1930களின் நடுவில் நெய்வேலி நிலக்கிழார் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் நீருக்காகத் துளையிட்டபோது, பீறிட்டு வந்த தண்ணீரோடு கருந்துகள்களும் வந்தன. அவர் அதை அரசின் பார்வைக்குக் கொண்டுபோனார். பின்னாளில் அறுநூறு ஏக்கருக்கும் மேற்பட்ட நிலத்தையும் கொடுத்தார். 1943 முதல் 1946 வரை இந்திய நிலவியல் ஆய்வுத்துறை துளையிட்டுப் படிவத்தை உறுதிசெய்தது. அதன்பின் எச்.கே. கோஷ் என்னும் சுரங்கப் பொறியாளரின் பொறுப்பில் சென்னை மாகாண அரசு விரிவாக ஆராய்ந்தது. 1953இல் ஒரு சோதனைக் குழியும் வெட்டப்பட்டது. 1956 நவம்பர் 14 அன்று நெய்வேலி பழுப்பு நிலக்கரிக் கழகம் பதிவானது. 1957 மே 20 அன்று பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். கரி கண்ணில் பட்டதோ 1961 ஆகஸ்டில்தான். இடையில் ஓடிய நான்கு ஆண்டுகளும் மேல்மண்ணை அள்ளுவதிலும் அடித்தண்ணீரை அடக்குவதிலும் கழிந்தன.

சோதனைக் குழி வெட்ட வேண்டிவந்ததற்கான காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் அந்தச் சுரங்கத்தின் முதல் ஆபத்து அங்கேதான் இருக்கிறது. நெய்வேலியில் கரிப்படிவத்தின் மேல் 50 முதல் 100 மீட்டர் வரை மண்ணும் மணற்பாறையும் கிடக்கின்றன. படிவத்துக்குக் கீழே, நீர் நிறைந்த மணற்படுகை ஒன்று மேல்நோக்கி அழுத்திக்கொண்டிருக்கிறது. ஜம்புலிங்க முதலியாரின் துளையில் தண்ணீர் தானாகப் பீறிட்டதற்கும் அந்த அழுத்தமே காரணம். அதன் அளவு சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ. கேட்பதற்குச் சிறிய எண்ணாகத் தோன்றும். ஒரு சதுர மீட்டருக்குக் கணக்கிட்டால் 60 முதல் 80 டன். மேலே 60 மீட்டர் மண் இருக்கும்வரை, கனமீட்டருக்கு ஏறத்தாழ 2 டன் என்று கொண்டால், அதே சதுர மீட்டரில் 120 டன் எடை ஏறி உட்கார்ந்திருக்கிறது, தண்ணீர் அசையாது. கரியை எடுப்பதற்காக அந்த மண் முழுவதையும் அகற்றிவிட்டால் மிஞ்சுவது கரிப்படிவம் மட்டுமே. அது 15 மீட்டர் தடிமன் இருந்தாலும் அதன் எடை 20 டன்னைத் தொடாது. 60 டன் விசை கீழிருந்து தள்ளும்போது 20 டன் மூடி என்ன செய்யும்? தரை பிளந்து குழி முழுவதும் நீர் ஏறிவிடும்.

ஆகவே கரியைத் தொடுவதற்கு முன்பே அடியிலுள்ள நீரின் அழுத்தத்தைக் குறைக்க வேண்டும். குழியைச் சுற்றியும் குழிக்குள்ளும் ஆழ்துளைக் கிணறுகளை வரிசையாக இறக்கி, இரவும் பகலும் இறைத்துக்கொண்டே இருப்பதுதான் அதற்குக் கண்ட வழி. சோதனைக் குழியும் அதையொட்டிய பம்ப் சோதனைகளும் இது முடியுமா என்று பார்ப்பதற்காக நடந்தவை. முடியும் என்று தெரிந்தது. ஆனால் அந்தப் பம்புகளுக்குப் பொங்கல் கிடையாது, தீபாவளி கிடையாது. கரி வெட்டுவதை ஒரு ஷிப்ட் நிறுத்தலாம், வேலைநிறுத்தத்தில் ஒரு வாரம்கூட நிறுத்தலாம். நீர் இறைப்பதை நிறுத்த முடியாது. நிலத்தடி நீர்ப் பிரிவில் வேலை செய்த உறவினர் ஒருவர் எங்களுக்கு உண்டு. வீட்டில் மின்சாரம் போனால் நாங்கள் விசிறியைத் தேடுவோம். அவர் வாசலுக்குப் போய், சுரங்கத்துப் பக்கம் விளக்குகள் எரிகின்றனவா என்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே வருவார்.

இறைத்த நீர் அனல்மின் நிலையங்களுக்கும், வாலாஜா ஏரி, பெருமாள் ஏரி வழியாகப் பாசனத்துக்கும் போகிறது. வறட்சிக் காலத்தில் வீராணம் குழாயில் சேர்ந்து சென்னைக்கும் போயிருக்கிறது. கணக்கின் மறுபக்கமும் உண்டு. ஒரு காலத்தில் தானாகப் பொங்கி வழிந்த சுற்றுவட்டாரத்து ஊற்றுக்கிணறுகள் ஓய்ந்துபோய், உழவர்கள் மேலும் மேலும் ஆழத்துக்குக் குழாய் இறக்க வேண்டிவந்தது. சுரங்கத்தின் ஆபத்துகளைப் பட்டியலிடுவோர் இதைச் சேர்ப்பதில்லை. நான் சேர்ப்பேன்.

மேலிருந்து வரும் நீர் இன்னொன்று. திறந்த குழி என்பது வடகிழக்குப் பருவமழைக்கு வைத்த பெரும் பாத்திரம். 2015 நவம்பரில் நெய்வேலியில் ஒரே நாளில் 48 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியபோது, ஊரே மிதந்தது, குழியைச் சொல்லவே வேண்டாம். இத்தகைய மழையில் ஆளை மூழ்கடிக்கும் வெள்ளத்தைவிட நான் அதிகம் அஞ்சுவது நனைந்த சரிவுகளைத்தான். வெட்டிய மண்ணைக் கொட்டி எழுப்பிய மேடுகள் இயற்கையான குன்றுகளைப் போல இறுகியவை அல்ல. உள்ளே ஊறிய நீரின் கனமும் வழுக்கலும் சேரும்போது, சரிவின் அடிப்பகுதி முதலில் உப்பும், உச்சியில் முடி அளவு வெடிப்பு தோன்றும். அந்த வெடிப்பை யாராவது நேரத்தில் பார்த்து, கீழே நிற்கும் ஆட்களையும் இயந்திரங்களையும் வெளியேற்ற வேண்டும். படிப்படியாக, பெஞ்ச் பெஞ்சாக வெட்டுவதும், ஒவ்வொரு பெஞ்சுக்கும் உயரத்தையும் சாய்வையும் வரையறுப்பதும் இதற்காகத்தான். அவசரத்தில் சாய்வைச் செங்குத்தாக்கினால் அன்றைய உற்பத்தி கூடும். கடன் மழைக்காலத்தில் வசூலாகும்.

இனித் தங்கள் தந்தையின் பெல்ட்டுக்கு வருகிறேன். நெய்வேலியின் முகமாக நாம் படத்தில் பார்ப்பது ஜெர்மானியத் தொழில்நுட்பத்தில் வந்த பக்கெட் வீல் இயந்திரத்தை. சக்கரத்தைச் சுற்றி வாளிகளைக் கொண்ட அந்த இயந்திரம் ஜெர்மனியின் மெத்தென்ற மண்ணுக்குப் பழகியது. கடலூர் மணற்பாறையோ அதன் பற்களை அரம்போல் தேய்த்தது; வெடிவைத்துப் பாறையைத் தளர்த்திய பிறகே பல இடங்களில் வெட்ட முடிந்தது. ஆனால் ஆட்கள் நாள் முழுக்க மிக அருகில் நிற்பது வீலோடு அன்று, அது வெட்டியதைச் சுமந்து ஓடும் கன்வேயர் பெல்ட்டோடு. ஈரக் களிமண் பெல்ட்டில் ஒட்டிக்கொண்டு, திரும்பி வரும்போது அடியில் உதிரும். உருளைகளைச் சுற்றிக் குவியும். குவியலை அள்ளாவிட்டால் உருளை சிக்கும், பெல்ட் ஒரு பக்கமாக விலகும். மண்வெட்டியோடு ஓர் ஆள் அங்கே குனிகிறார். நிறுத்திவிட்டு, மின்சாரத்தைத் துண்டித்து, பூட்டுப் போட்டுவிட்டு அள்ள வேண்டும் என்பது விதி. நிறுத்தினால் வரிசை முழுவதும் நிற்கும் என்பதால் ஓடும்போதே அள்ளிவிடலாம் என்பது ஆசை. வினாடிக்கு 4, 5 மீட்டர் வேகத்தில் ஓடும் பெல்ட்டுக்கும் உருளைக்கும் இடையில் மண்வெட்டியின் நுனி சிக்கினால், பிடியை விட வேண்டும் என்று மூளைக்கு எட்டும் அரை வினாடிக்குள் கை இரண்டு மீட்டர் போயிருக்கும். பெல்ட்டின் ஓரமாக நெடுக ஓடும் அவசர நிறுத்தக் கயிற்றை இழுக்க மற்றொரு கை வேண்டும், அல்லது பக்கத்தில் மற்றொரு ஆள் வேண்டும். கன்வேயர் ஓரத்தில் ஒருவரைத் தனியாக வேலைக்கு நிறுத்துவது எவ்வளவு பெரிய பிழை என்பதைத் தங்கள் தந்தை என்னைவிட நன்றாகச் சொல்வார்.

தீயும் உண்டு, ஆனால் அது வெடிக்கும் தீ அன்று, புகையும் தீ. சிறுவயதில் எனக்கு ஒருவர் நெய்வேலிக் கரிக்கட்டி ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். கையில் வாங்கியபோது ஈரமாக, காப்பிக்கொட்டை நிறத்தில், பலகையின் ரேகைகள் அப்படியே தெரிய இருந்தது. அலமாரியில் வைத்தேன். ஒரு வாரத்தில் குறுக்கும் நெடுக்குமாக வெடித்தது. மாதக் கடைசியில் தொட்டால் பொடியாக உதிர்ந்தது. அதன் எடையில் ஏறத்தாழ பாதி தண்ணீர் என்பது எனக்கு வெகுகாலம் கழித்தே புரிந்தது. அந்த நீர் வெளியேறிய கரி காற்றிலுள்ள ஆக்சிஜனைப் பிடித்துச் சூடேறும். குவித்து வைத்தால், யாரும் தீ வைக்காமலே உள்ளுக்குள் கனலத் தொடங்கும். வெட்டிய கரியை நெடுநாள் குவித்து வைக்காமல் பக்கத்திலேயே எரித்து மின்சாரமாக்கியதற்கு இது ஒரு முக்கியக் காரணம். (லெகோ அடுப்பில் சமைத்த வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு, அதே கரியை வாட்டிச் செய்த கட்டிதான் லெகோ என்று சொன்னால் போதும்.) 2020ஆம் ஆண்டு மே மாதத்திலும் ஜூலை 1 அன்றும் உயிர்களைப் பறித்த கொதிகலன் விபத்துகளைப் பலரும் 'சுரங்க விபத்து' என்று எழுதிவிட்டார்கள்; அவை இரண்டாம் அனல்மின் நிலையத்தில் நடந்தவை. அவற்றை இங்கே கலக்காமல் தனியே பேச வேண்டும்.

ஒன்றை மட்டும் அந்த விபத்துகளோடு சேர்த்துச் சொல்லலாம். பாதிக்கப்பட்டவர்களில் ஒப்பந்தத் தொழிலாளர் இருந்தார்கள். 1952ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டம், கூலியை யார் கொடுத்தாலும் சுரங்கத்துக்குள் வேலை செய்பவரைச் சுரங்கத் தொழிலாளியாகவே கொண்டது. பொறுப்பை உரிமையாளர் மீதும் மேலாளர் மீதும் வைத்தது. காகிதத்தில் வேறுபாடு இல்லை. ஆனால் பயிற்சி பெற்ற நிரந்தர ஊழியர் ஓய்வுபெற்ற இடத்துக்கு ஆண்டுதோறும் மாறும் ஒப்பந்தத்தில் வரும் ஒருவர், பெல்ட்டை நிறுத்தக் கயிற்றை இழுத்தால் நாளை வேலை இருக்குமா என்று யோசிப்பார். அந்த யோசனைக்கு ஆகும் நேரத்தை எந்த விதியும் கணக்கில் எடுத்ததில்லை.

கடைசியாக, இருமல். நான் மருத்துவன் அல்லன். ஆனாலும் ஒரு விவரத்தைத் தெரிந்துகொண்டு மருத்துவரிடம் போவது நல்லது. தங்கள் தந்தை கரி ஓடும் பெல்ட்டில் இருந்தாரா, மேல்மண் ஓடும் பெல்ட்டில் இருந்தாரா என்று கேளுங்கள். மணற்பாறை உடைந்து எழும் தூசியில் உள்ள சிலிக்கா, கரித்தூசியைவிட நுரையீரலுக்குக் கொடியது. அது உண்டாக்கும் சிலிக்கோசிஸ் நோய் வேலையை விட்டுப் பல ஆண்டுகள் கழித்தும் தலைகாட்டும், தானாக ஆறாது, காசநோய் தொற்றும் வாய்ப்பையும் கூட்டும். 'சுரங்கத்தில் வேலை செய்தேன்' என்று மட்டும் சொன்னால் மருத்துவர் புகைப்பழக்கத்தைக் கேட்டுவிட்டு மருந்து எழுதிவிடக்கூடும். எந்த பெஞ்சில், எத்தனை ஆண்டு, முகத்தில் துணியோ முகக்கவசமோ கட்டினாரா என்பதைச் சொல்லி, மார்பு எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கக் கேளுங்கள். பணிக்காலத்தில் ஐந்தாண்டுக்கு ஒருமுறை அவருக்கு மருத்துவப் பரிசோதனை நடந்திருக்க வேண்டும். அந்தப் பழைய எக்ஸ்ரே அறிக்கைகள் வீட்டில் எங்காவது இருந்தால் தேடி எடுத்துக்கொண்டு போங்கள். சிலிக்கோசிஸ் என்று உறுதியானால் அது தொழில்சார் நோய்களின் பட்டியலில் உள்ளது, இழப்பீடு கோர இடமுண்டு; அப்போது இந்த அறிக்கைகளே சான்றாக நிற்கும்.

அவர் எந்த பெஞ்சில் இருந்தார் என்பதை எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்