ஏலத்தில் 3,000 டாலருக்கு எடுத்த ஆப்பிரிக்க வேட்டை: கையில் இருக்கும் 14,000 போதுமா?

கேள்வி: ஹூஸ்டன் அருகே வசிக்கிறோம். எனக்கு வயது 46, எண்ணெய் நிறுவனத்தில் பொறியாளர். மனைவிக்கு 44, செவிலியர். நான் அமெரிக்கக் குடிமகன். அவரிடம் கிரீன் கார்டும் இந்தியப் பாஸ்போர்ட்டும் உள்ளன. இருவரும் டெக்சஸில் மான் வேட்டைக்குப் போவோம். கடந்த மாதம் ஓர் அறக்கட்டளையின் நிதி திரட்டும் விருந்தில், தென்னாப்பிரிக்காவின் லிம்போபோ மாகாணத்தில் இரண்டு பேருக்கு 7 நாள் வேட்டைப் பயணத்தை 3,000 டாலருக்கு ஏலத்தில் எடுத்தேன். அடுத்த ஆண்டு இறுதிக்குள் போக வேண்டும். இதற்கென 14,000 டாலர் சேர்த்து வைத்திருக்கிறோம். எனக்கு ஒரு குடு, ஒரு ஜெம்ஸ்பாக், ஒரு வரிக்குதிரை, ஒரு வார்ட்ஹாக். மனைவிக்கு ஓர் இம்பாலா, ஒரு நீல வைல்டபீஸ்ட் என்று ஆசை. வரிக்குதிரையும் பன்றி இனமான வார்ட்ஹாக்கும் தவிர மற்றவை எல்லாம் ஆப்பிரிக்க மான் வகைகள். ஆறையும் பாடம் செய்து வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும். மனைவிக்கு க்ரூகர் வனவிலங்குப் பூங்காவையும் பார்க்க விருப்பம். பணம் குறைந்தால் 401(கே) என்ற ஓய்வுக்காலச் சேமிப்பிலிருந்து கடன் எடுக்கலாமா? பாடம் செய்த தலைகளை அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தால் பயணச் செலவு முழுவதையும் வரியில் கழிக்கலாம் என்கிறார் நண்பர். உண்மையா? மூத்த மகள் இப்போது பத்தாம் வகுப்பு.

பதில்: வேட்டைக்கு 14,000 போதும். நீங்கள் எழுதியிருக்கும் வேட்டைக்கும், அதற்குப் பிறகு வரும் பாடம் செய்யும் செலவுக்கும் சேர்த்துப் போதாது. இந்த இரண்டாவது பில் பயணம் முடிந்து மாதங்கள் கழித்துத்தான் வரும் என்பதால் பலரும் அதைக் கணக்கிலேயே எடுப்பதில்லை.

முதலில் அந்த 3,000 எதற்கானது என்று பார்ப்போம். நீங்கள் அனுப்பிய ஏலத் தாளின்படி தங்குமிடம், சாப்பாடு, இருவருக்கும் சேர்த்து ஒரு தொழில்முறை வேட்டைக்காரர் (அங்கே எல்லோரும் பி.எச். என்றுதான் சொல்வார்கள்), தடம் பார்ப்பவர், வண்டி, அப்புறம் விலங்குக் கட்டணத்தில் 1,000 டாலர் தள்ளுபடி. இவ்வளவுதான். சுடும் ஒவ்வொரு விலங்குக்கும் தனி விலை உண்டு. இதைத்தான் டிராபி கட்டணம் என்கிறார்கள். விருந்துகளில் நாள் கட்டணத்தை நன்கொடையாகக் கொடுக்கும் அவுட்ஃபிட்டர்களுக்கு (வேட்டைப் பயணம் நடத்துபவர்களுக்கு) வருமானமே இந்தக் கட்டணத்தில்தான். இதில் ஏமாற்று எதுவும் இல்லை, தாளில் தெளிவாகவே எழுதியிருக்கிறார்கள். ஆனால் 'இரண்டு பேருக்கு ஏழு நாள்' என்ற வரி பெரிய எழுத்தில் இருக்கிறது, விலைப்பட்டியல் பின்பக்கத்தில் இருக்கிறது.

அந்தப் பின்பக்கத்தின்படி குடு 2,400, ஜெம்ஸ்பாக் 1,350, வரிக்குதிரை 1,300, நீல வைல்டபீஸ்ட் 1,100, இம்பாலா 450, வார்ட்ஹாக் 400. உங்கள் ஆறு விலங்குக்கும் 7,000. தள்ளுபடி போக 6,000.

மற்ற செலவுகளை நான் இப்படிப் போட்டிருக்கிறேன். ஹூஸ்டனிலிருந்து அட்லாண்டா வழியாக ஜோஹன்னஸ்பர்க் போய்வர இருவருக்கும் விமான டிக்கெட் 3,400. போகும்போதும் வரும்போதும் விமான நிலையம் அருகே ஓர் இரவு தங்க 250. ஓ.ஆர். டாம்போ விமான நிலையத்திலிருந்து லெபலாலே பக்கம் இருக்கும் பண்ணைக்கு வண்டியில் நாலு மணி நேரம் ஆகும். அந்தப் போக்குவரத்து ஏலத்தில் சேராது, 400. வாடகைத் துப்பாக்கி, தோட்டா 350. டிப்ஸ் 1,100. காப்பீடு 350. விசா, மாத்திரை, சில்லறைச் செலவு 300. கூட்டினால் 6,150. விலங்குகளோடு சேர்த்து 12,150. கையில் 1,850 மிஞ்சும்.

இதுவரை நன்றாகவே இருக்கிறது. இப்போது பாடம் செய்யும் கணக்கு. ஆறு விலங்கின் தோலையும் கொம்பையும் அங்கேயே சுத்தம் செய்து, மருந்தில் முக்கி, பெட்டியில் அடைக்க சுமார் 1,200. விமானச் சரக்கு, சுங்க முகவர் கட்டணம் எல்லாம் சேர்த்து 2,200. அதன் பிறகு உங்கள் ஊரில் பாடம் செய்பவர் (டாக்ஸிடெர்மிஸ்ட்) தோள் வரை தலையைப் பாடம் செய்ய சராசரியாகத் தலைக்கு 1,200 என்று வைத்தால் 7,200. மொத்தம் 10,600. மிஞ்சிய 1,850 போக, 8,750 டாலர் துண்டு விழுகிறது. நீங்கள் 401(கே) பக்கம் பார்ப்பதும் இதற்காகத்தான்.

தயவுசெய்து அதைத் தொடாதீர்கள். பிளான் அனுமதித்தால், உங்களுக்கு உரிமையான தொகையில் பாதி அல்லது 50,000 டாலர், இரண்டில் குறைந்தது வரை கடன் கிடைக்கும். 5 ஆண்டில் கட்ட வேண்டும். வட்டி நமக்கே திரும்புகிறது என்பதால் இனிப்பாகத்தான் இருக்கும். ஆனால் நீங்கள் இருப்பது எண்ணெய்த் துறை. வேலை போனாலோ மாறினாலோ, அந்த ஆண்டின் வரித் தாக்கல் கெடுவுக்குள் மீதியைக் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் அது எடுத்த பணமாகக் கருதப்படும். உங்கள் வயதில் வருமான வரியோடு 10 சதவீத அபராதமும் சேரும். வேலை போன நேரத்தில், சுவரில் மாட்டிய தலைக்காக ஓய்வுக்காலப் பணத்தில் அபராதம் கட்டும் நிலை யாருக்கும் வரக் கூடாது.

இன்னொரு விஷயம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. மூத்த மகள் பத்தாம் வகுப்பு என்றால், அடுத்த ஆண்டுக்கும் அடுத்த ஆண்டு ஆகஸ்டில் கல்லூரி. நீங்கள் அடுத்த ஆண்டு ஜூனில் வேட்டைக்குப் போனால், பெட்டி ஹூஸ்டன் வந்து சேரவே எட்டுப் பத்து மாதம் ஆகலாம். டாக்ஸிடெர்மிஸ்ட் முன்பணம் கேட்பதும் கல்லூரி முதல் தவணை கேட்பதும் ஒரே கோடையில் வரும்.

நண்பர் சொன்ன வரி யோசனை பழைய காலத்துக் கதை. அப்படிக் கழித்தவர்கள் ஒரு காலத்தில் இருந்தார்கள். 2006-இல் அமெரிக்கச் சட்டம் அந்த வழியை அடைத்துவிட்டது. பாடம் செய்த விலங்கை நன்கொடையாகக் கொடுத்தால், பாடம் செய்ய ஆன நேரடிச் செலவுக்கு மேல் கழிக்க முடியாது. விமானம், நாள் கட்டணம், டிராபி கட்டணம் எதுவும் அதில் வராது. ஏலத்தில் கொடுத்த 3,000-க்கும் கழிவு கிடைக்காது. அறக்கட்டளை ஏலத்தில் பொருளின் சந்தை மதிப்புக்கு மேல் கொடுத்த தொகை மட்டுமே நன்கொடை. உங்கள் தாளில் நாள் கட்டணம் ஆளுக்கு 250; இரண்டு பேருக்கு ஏழு நாளுக்கு 3,500, தள்ளுபடி 1,000, ஆக மதிப்பு 4,500. நீங்கள் கொடுத்தது அதைவிடக் குறைவு.

சரி, என்ன செய்யலாம்? வரிக்குதிரையை விட்டுவிடுங்கள். அதற்குக் கொம்பு கிடையாது, பெரும்பாலும் தோலைப் பதப்படுத்தி விரிப்பாக்குவார்கள், அதற்கே கட்டணத்துக்கு இணையாக இன்னொரு செலவு பிடிக்கும். மற்ற ஐந்தையும் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் குடு, ஜெம்ஸ்பாக் இரண்டின் மண்டையோடும் கொம்பும் மட்டும் வீட்டுக்கு வரட்டும். வேகவைத்து வெளுத்த மண்டையோட்டில் குடுவின் முறுக்குக் கொம்பு நிற்பது எனக்குப் பாடம் செய்த தலையைவிட அழகு. இரண்டையும் தயார் செய்து அனுப்ப 1,550 வைத்திருக்கிறேன். இந்த இரண்டு இனமும் அருகிவரும் உயிரினங்களுக்கான சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இல்லை என்பதால் காகித வேலையும் குறைவு. ஹூஸ்டனே வனவிலங்குப் பொருள் இறக்குமதிக்கு அனுமதிக்கப்பட்ட துறைமுகங்களில் ஒன்று. வார்ட்ஹாக் பன்றி இனம். ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் காரணமாக அதற்குக் கெடுபிடி அதிகம், சுட்ட பிறகு படம் எடுத்துக்கொண்டு தலையை அங்கேயே விட்டுவிடலாம். இறைச்சியை அமெரிக்காவுக்குக் கொண்டுவர முடியாது. அது பண்ணைக்கே சேரும், முகாமில் நீங்களும் சாப்பிடுவீர்கள்.

இப்போது கணக்கு: விலங்குகளுக்கு 4,700, மற்ற செலவு 6,150, மண்டையோடுகளுக்கு 1,550. மொத்தம் 12,400. மீதி 1,600.

இந்த 1,600-ஐ எதற்கும் ஒதுக்காதீர்கள். அங்கே விதி ஒன்று உண்டு: ரத்தம் சிந்தினால் பணம். தென்னாப்பிரிக்காவில் 1991-இல் வந்த சட்டத்தின்படி, முறையாக வேலியிட்ட நிலத்தில் இருக்கும் காட்டு விலங்கு அந்தப் பண்ணைக்காரரின் சொத்து. மாடு வளர்த்த பலர் மான் வளர்ப்புக்கு மாறியதற்கு இந்த உரிமை முக்கியக் காரணம். ஆகவே நீங்கள் காயப்படுத்திய விலங்கு புதரில் மறைந்து கிடைக்காமல் போனாலும், விற்றதாகத்தான் கணக்கு. நீல வைல்டபீஸ்ட் அடிபட்ட பிறகும் வெகுதூரம் ஓடும். உங்கள் மனைவியின் பட்டியலில் 1,100 டாலருக்கு அதுதான் இருக்கிறது. போவதற்கு முன் அவர் மூன்று கால் தாங்கியில் துப்பாக்கி வைத்து, நின்றபடியே சுட்டுப் பழகட்டும். டெக்சஸில் மறைப்பறையில் உட்கார்ந்து சுடுவதற்கும் இதற்கும் நிறைய வித்தியாசம். பயிற்சிக்கு ஆகும் தோட்டாச் செலவு இந்தத் திட்டத்திலேயே அதிக லாபம் தரும் முதலீடு.

பணம் எங்கே கை நழுவும் என்றும் சொல்லிவிடுகிறேன். ஆறாம் நாள் மாலை. பட்டியலில் இருந்ததெல்லாம் முடிந்துவிட்டது. வண்டி திரும்பும் வழியில் தண்ணீர்க் குட்டை ஓரம் நியாலா என்ற மான் இனத்தின் ஆண் ஒன்று நிற்கிறது. பி.எச். தொலைநோக்கியை இறக்காமலே 'நல்ல ஆண்' என்கிறார். தாங்கி விரிகிறது. நீங்கள் யோசிக்க இருபது விநாடி இருக்கும், விலை 2,300. வீட்டில் சோபா வாங்க மூன்று வாரம் யோசிக்கும் குடும்பங்கள் இங்கே சறுக்குவதைப் பார்த்திருக்கிறேன். முதல் நாள் இரவே பி.எச்.சிடம் பட்டியலையும் உச்சவரம்பையும் எழுதிக் கொடுத்துவிடுங்கள், இதைத் தாண்டி எதையும் காட்ட வேண்டாம் என்று சொல்லுங்கள். நல்ல பி.எச். இதை வரவேற்பார், அவருக்கும் வேலை சுலபம்.

குடுவுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் தாளில் 2,400-க்குப் பக்கத்தில் '52 அங்குலம் வரை' என்று இருக்கிறது. கொம்பை முறுக்கின் வழியாகவே டேப் வைத்து அளப்பார்கள், ஓர் அங்குலம் கூடினாலும் அடுத்த விலைக்குப் போய்விடும். மேல் விலை எவ்வளவு என்று இப்போதே மின்னஞ்சலில் கேட்டு வாங்குங்கள். ஐந்து இனமும் அந்தப் பண்ணையிலேயே இருக்கின்றனவா, வேறு பண்ணைக்குப் போனால் வண்டிச் செலவு யாருடையது, 15 சதவீத வாட் வரி விலையில் அடக்கமா என்பதையும் அதே மின்னஞ்சலில் கேளுங்கள். வெளிநாட்டவர் உரிமம் பெற்ற அவுட்ஃபிட்டர் வழியாக, உரிமம் பெற்ற பி.எச். உடன்தான் வேட்டையாட முடியும் என்பது அங்கே சட்டம். மாகாண அரசு தந்த அந்த உரிமங்களின் நகலைக் கேட்க நீங்கள் தயங்க வேண்டியதில்லை.

சொந்தத் துப்பாக்கியைக் கொண்டுபோக ஆசை இருக்கும். அமெரிக்கச் சுங்கத்தின் 4457 படிவம், தென்னாப்பிரிக்கக் காவல் துறையின் 520 படிவம், முன்கூட்டியே அனுமதி வாங்கித் தரும் முகவர் என்று நீளும். நீங்கள் இருவரும் ஒரே பி.எச். உடன் மாறி மாறிச் சுடப்போகிறீர்கள், ஒரு வாடகைத் துப்பாக்கி போதும். காப்பீடு எடுக்கும்போது, துப்பாக்கி வேட்டையில் ஏற்படும் காயத்துக்கும் அவசர மீட்புக்கும் பொருந்துமா என்று விதிவிலக்குப் பகுதியைப் படியுங்கள். சாதாரணப் பயணக் காப்பீடுகளில் அது விடுபட்டிருக்க வாய்ப்புண்டு.

வேட்டை என்றாலே மனம் சங்கடப்படும் வாசகர்கள் இருப்பார்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு இந்தியாவில் வளர்ந்த நமக்கு அது இயல்பு, அந்தச் சங்கடத்தை நான் மதிக்கிறேன். அங்கே அது சட்டபூர்வமான தொழில், ஒரு குடும்பம் கேட்ட கேள்வி நியாயமானது, அதனால் பதில் எழுதுகிறேன்.

க்ரூகருக்கு வருவோம். நீங்கள் அதைக் கடிதத்தில் ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள்; எனக்கு அதுதான் முதலில் நிற்க வேண்டிய செலவாகப் படுகிறது. பயணம் இருவருக்கும். பட்டியலில் உங்கள் விலங்குகள் 5,450 டாலர், மனைவியுடையவை 1,550. இந்த மாதத்திலிருந்து அடுத்த ஆண்டு மே வரை மாதம் 250 தனிச் சேமிப்புக் கணக்கில் போடுங்கள். 15 மாதத்தில் வட்டி இல்லாமலே 3,750. அதில் 1,200 க்ரூகருக்கு: பண்ணையிலிருந்து வாடகைக் காரில் பலபோர்வா வாசல் வழியாக உள்ளே போய், சடாரா, ஸ்குகுசா போன்ற அரசு முகாம்களில் மூன்று இரவு. ஜூன் குளிர்கால வறட்சி. புல் குறைந்து விலங்குகள் தண்ணீருக்கு வரும் காலம் என்பதால் வேட்டைக்கும் பூங்காவுக்கும் அதுவே ஏற்றது. அதனால் முகாம்களுக்குக் கிராக்கி இருக்கும், பல மாதம் முன்பே பதிவு செய்யுங்கள். க்ரூகர் மலேரியா பகுதி. மாத்திரைக்கு மருத்துவரைப் பாருங்கள்.

மீதி 2,550. மகளின் கல்லூரிக் கணக்கில் அதுவரை குறை எதுவும் இல்லை என்றால், குடுவின் தலையை மட்டும் தோள் வரை பாடம் செய்துகொள்ளலாம், கூடுதல் சரக்குச் செலவோடு சுமார் 2,000 ஆகும். குறை இருந்தால் மண்டையோட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். டாக்ஸிடெர்மிஸ்ட்டிடம் சொல்ல வேண்டியது வேட்டை முடிந்த பிறகுதான், ஆகவே இதை இப்போதே முடிவு செய்ய வேண்டாம்.

இப்போதே முடிவு செய்ய வேண்டியது தேதி. உங்களுக்குத் தென்னாப்பிரிக்கா போக விசா வேண்டாம், இந்தியப் பாஸ்போர்ட்டில் போகும் உங்கள் மனைவிக்கு வேண்டும். விண்ணப்பத்துக்கு அவுட்ஃபிட்டரின் அழைப்புக் கடிதத்தைச் சேர்ப்பது நல்லது, அவர் அதைத் தேதி உறுதியான பிறகே தருவார். விசா கைக்கு வரும் வரை, பணம் திரும்பக் கிடைக்காத டிக்கெட்டை வாங்காதீர்கள்.