ஆப்பிரிக்கச் சமயங்களைப் பற்றி எழுதிய, கடவுள் நம்பிக்கை இல்லாத ஆப்பிரிக்க அறிஞர் யாராவது உண்டா?

உண்டு. உகாண்டாவைச் சேர்ந்த ஒகோட் பிபிடெக்.

பெரும்பாலானோர் அவரைக் கவிஞராகத்தான் அறிவார்கள். 1966-ல் வெளிவந்த 'லாவினோவின் பாட்டு' கிழக்கு ஆப்பிரிக்கக் கவிதையின் போக்கையே மாற்றியது. ஆனால் நீங்கள் கேட்டிருப்பது சமயத்தைப் பற்றி. அதனால் 1970களின் தொடக்கத்தில் வந்த அவருடைய 'மேற்கத்தியப் புலமையில் ஆப்பிரிக்கச் சமயங்கள்' என்ற சின்னப் புத்தகத்தைத்தான் முன்னால் வைப்பேன். நான் மானுடவியல் மாணவனாக இருந்தபோது நூலகத்திலிருந்து எடுத்துவந்து, கீழே வைக்க மனமில்லாமல் படித்த நூல். இன்றைக்கும் யாராவது "எல்லா மதமும் ஒரே கடவுளைத்தானே வேறு வேறு பெயரில் சொல்கிறது" என்று ஆரம்பித்தால் எனக்கு அந்தப் புத்தகம்தான் ஞாபகம் வரும்.

அதில் ஒரு சம்பவம். 1911-ல் இத்தாலியக் கத்தோலிக்கப் பாதிரியார்கள் ஒகோட்டின் சொந்த இனமான, வட உகாண்டாவின் அச்சோலி இனப் பெரியவர்கள் சிலரை உட்கார வைத்து, "உங்களைப் படைத்தது யார்?" என்று கேட்கிறார்கள். இல்லாததிலிருந்து ஒன்றை உண்டாக்குவது என்ற கருத்தே அச்சோலிப் பேச்சில் கிடையாது. அதனால் கேள்வி "உங்களை வனைந்தது யார்?" என்று பெரியவர்களிடம் போய்ச் சேருகிறது. மனிதர்கள் தாய் வயிற்றில் பிறக்கிறார்கள், இதில் வனைவதற்கு என்ன இருக்கிறது? தெரியாது என்று சொல்லிவிட்டார்கள். பாதிரியார்கள் விடவில்லை. கடைசியில் ஒரு பெரியவருக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. நன்றாகப் பிறந்த மனிதனுக்கும் முதுகெலும்பில் காசநோய் வந்தால் உடம்பு வளைந்து, கூன் விழுந்து, வேறு உருவத்துக்கு வனையப்பட்டுவிடுகிறது அல்லவா? "ருபங்காதான் மனிதர்களை வனைவது" என்றார். ருபங்கா என்பது கூனை உண்டாக்குவதாக அச்சோலிகள் நம்பிய, மனிதர்களுக்கு ஆகாத ஒரு ஆவி. பாதிரியார்கள் அதை எழுதிக்கொண்டார்கள். அன்றிலிருந்து பரமபிதாவின் பெயர் ருபங்கா ஆயிற்று.

ஒகோட் இதோடு நிற்பதில்லை. யோவான் சுவிசேஷத்தின் முதல் வசனத்தை அச்சோலி பைபிளிலிருந்து எடுத்து, அச்சோலிக்காரன் காதில் அது எப்படி விழும் என்று காட்டுகிறார். நாம் "ஆதியிலே வார்த்தை இருந்தது" என்று படிக்கும் இடம் அங்கே ஏறக்குறைய இப்படி வருகிறது: "வெகுகாலத்துக்கு முன்னே சேதி இருந்தது, சேதி கூன் ஆவியிடம் இருந்தது, சேதியே கூன் ஆவியாக இருந்தது." கிரேக்கத் தத்துவத்திலிருந்து வந்த ஒரு சிந்தனையை, அப்படி யோசித்தே பழகாத மக்களின் மேல் ஏற்றினால் வேறென்ன ஆகும் என்கிறார்.

அவருடைய பின்னணியைத் தெரிந்துகொண்டால் இந்த வேகம் எங்கிருந்து வந்தது என்று புரியும். 1931-ல் வட உகாண்டாவின் குலுவில் பிறந்தார். பெற்றோர் கிறிஸ்தவர்கள். தாய் நல்ல பாடகி, கதைசொல்லி; ஊர்ப் பாட்டுகளில் ஒகோட்டுக்கு இருந்த பிடிப்பு அங்கிருந்து வந்ததுதான். ஆசிரியராக வேலை பார்த்துக்கொண்டே கால்பந்து ஆடியவர், 1956-ல் உகாண்டா அணியோடு பிரிட்டன் போனார். படிக்க அங்கேயே தங்கிவிட்டார். பிரிஸ்டலில் கல்வியியல், அபெரிஸ்ட்வித்தில் சட்டம், பிறகு ஆக்ஸ்ஃபோர்டில் சமூக மானுடவியல். அந்த ஆண்டுகளில்தான் கிறிஸ்தவ நம்பிக்கை அவரை விட்டுப் போனது. ஆக்ஸ்ஃபோர்டு வகுப்பில் ஆசிரியர்கள் ஆப்பிரிக்கர்களைக் காட்டுமிராண்டிகள், ஆதிவாசிகள் என்றெல்லாம் சர்வசாதாரணமாகச் சொன்னார்கள். அவர் எழுந்து ஆட்சேபித்திருக்கிறார், பலனில்லை. இதைப் புத்தகத்தின் முன்னுரையிலேயே எழுதியிருக்கிறார். உலகத்தை நாகரிகம் உள்ளவர்கள், இல்லாதவர்கள் என்று இரண்டாகப் பிரித்த பிறகே பேசத் தொடங்கும் அந்த மானுடவியல் துறைக்கு ஆப்பிரிக்கப் பல்கலைக்கழகங்களில் இடமில்லை என்று பின்னாளில் வாதிட்டார்.

காலனிக்காரர்களைத் திட்டுவதோடு நிறுத்தியிருந்தால் அன்றைய சூழலில் கைதட்டல்தான் கிடைத்திருக்கும். அவர் தன் ஆட்களையும் விடவில்லை. இதுதான் எனக்கு அவரிடம் மிகப் பெரிய விஷயம். "ஆப்பிரிக்கர்களுக்கு மதமே இல்லை" என்று வெள்ளையர்கள் சொன்னதற்குப் பதிலாக கென்யாவின் தலைவர் கென்யாட்டா, கானாவின் டான்குவா, நைஜீரியாவின் இடோவு, கென்யாவின் ம்பிட்டி போன்ற ஆப்பிரிக்க எழுத்தாளர்கள் "எங்களுக்கும் ஆதியிலிருந்தே ஒரே பரம்பொருள் உண்டு, சர்வ வல்லமை உள்ளவர், எங்கும் நிறைந்தவர், அநாதியானவர்" என்று எழுதினார்கள். நல்ல எண்ணத்தோடு எழுதியதுதான். ஒகோட் கேட்டது: இந்த அடைமொழிகளெல்லாம் யாருடையவை? கிரேக்கத்திலிருந்து கிறிஸ்தவ இறையியலுக்கு வந்தவை. இப்படி உடுத்திவிட்ட தெய்வத்தைக் கிராமத்தில் கொண்டுபோய்க் காட்டினால் அங்குள்ளவர்களுக்கே அடையாளம் தெரியாது என்றார். ஆப்பிரிக்கச் சமயங்களைப் படிப்பது அந்த மக்கள் எதை நம்புகிறார்கள் என்று புரிந்துகொள்வதற்காக. ஆப்பிரிக்காவில் கிறிஸ்தவக் கடவுளைத் தேடிக் கண்டுபிடிப்பதற்காக அல்ல. புதிதாக விடுதலை அடைந்த நாடுகளில், தலைவர்களின் முகத்துக்கு நேரே இதைச் சொல்ல எவ்வளவு துணிச்சல் வேண்டும்! அவமதிக்கப்பட்ட மக்களுக்கு உடனடியாகக் கிடைக்கிற ஒரு ஆறுதலை, அது பொய் என்பதற்காகவே அவர் மறுத்தார்.

அப்படியானால் அச்சோலிகளிடம் என்னதான் இருந்தது? ஜொக் என்று பொதுவாகச் சொல்லப்படும் சக்திகள், பல. ஒவ்வொரு குடித்தலைமைக்கும் ஒரு ஜொக். இன்ன நோய்க்கு இன்ன ஜொக் என்று வேறு. வீட்டில் ஒருவர் படுத்துவிட்டால், இது எந்த ஜொக்கின் வேலை, அதற்கு என்ன செய்ய வேண்டும் என்றுதான் கேட்பார்கள். உலகத்தைப் படைத்தது யார் என்பது அவர்களுடைய கேள்வியே இல்லை.

எனக்கு ஒரு மாற்றுக்கருத்து உண்டு. தன் அச்சோலிகளிடம் கண்டதை ஒகோட் ஆப்பிரிக்கா முழுமைக்கும் நீட்டிவிடுகிறார். பரம்பொருளுக்கு நைஜீரியாவின் யொருபாக்கள் சொல்லும் ஒலோடுமரேயும் கானாவின் அக்கான்கள் சொல்லும் ந்யாமேயும் பாதிரியார்கள் வந்து உண்டாக்கிக் கொடுத்த பெயர்கள் அல்ல. அந்தச் சமூகங்களைத் தனித்தனியாகத்தான் பேச வேண்டும். யொருபாவான இடோவு தன் மக்களைப் பற்றிச் சொன்னதை, குலுவில் நின்றுகொண்டு தள்ளிவிட முடியாது.

ஊர் திரும்பிய பிறகு கம்பாலாவில் தேசிய நாடக அரங்கின் பொறுப்பில் இருந்தார். அரசுக்குப் பிடிக்காமல் போய், பதவி போனது. நைரோபியில் பல ஆண்டுகள், பிறகு நைஜீரியாவின் இஃபே பல்கலைக்கழகம். இடி அமீன் காலம் முழுக்க வெளிநாட்டில்தான். பிறகு கம்பாலாவின் மக்கெரெரே பல்கலைக்கழகத்துக்குத் திரும்பி வந்தார். 1982 ஜூலையில் இறந்துவிட்டார். வயது 51தான்.

படிக்க விரும்பினால் 'லாவினோவின் பாட்டி'ல் தொடங்குங்கள். மேற்கத்திய மோகத்தில் தன்னை ஒதுக்கிய கணவன் ஒச்சோலிடம் லாவினோ முறையிடும் நெடும்பாட்டு. ஞானோபதேச வகுப்பில் அர்த்தம் புரியாமல் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பிக்க வேண்டியிருக்கிறது என்று வெறுத்து, முரசுச் சத்தம் கேட்டதும் நிலவொளி நடனத்துக்கு ஓடிவிடுகிறாள். பிறகு கேட்கிறாள்: வானத்தையும் பூமியையும் வனைய அந்தக் கூனன் களிமண்ணை எங்கே தோண்டினான்? எந்த ஆற்றின் முகத்துவாரத்தில்? பாதிரியாருக்கும் கோபம், கணவனுக்கும் கோபம். பதில் மட்டும் வருவதில்லை. அந்தப் பகுதியைப் படித்துவிட்டு நான் சொன்ன சின்னப் புத்தகத்துக்குப் போனால், அதன் வாதம் முழுவதும் எளிதாகப் பிடிபடும். ஜொக் வழிபாட்டை விரிவாகத் தெரிந்துகொள்ள, அச்சோலிகளும் அடங்கிய லுவோ மக்களைப் பற்றி அவர் எழுதி 1971-ல் வந்த 'மத்திய லுவோக்களின் சமயம்' இருக்கிறது.