ஆங்கிலத்தில் எல்-இ-ஏ-டி: 'லீட்' என்று படிப்பதா, 'லெட்' என்று படிப்பதா?

காரீயம் என்ற உலோகம் என்றால் 'லெட்'. வழிநடத்துவது, முன்னிலை, துப்பு, கதாநாயகன், நாயின் கழுத்துக் கயிறு, மின்கம்பி முதலிய மற்ற எல்லாமே 'லீட்'. பெரும்பாலும் இதுவே போதும். உலோகம் எங்கே ஒளிந்திருக்கிறது என்று தெரியாத இடங்களில்தான் நாக்கு தடுமாறும்.

இவை ஒரே சொல்லின் இரண்டு உச்சரிப்புகள் அல்ல. பழைய ஆங்கிலத்திலேயே தனித்தனிச் சொற்கள். எழுத்தில் மட்டும் பின்னாளில் ஒன்றாகிவிட்டன. உலோகத்தின் பெயரிலும் ஒரு காலத்தில் நெடில்தான் இருந்தது, பிறகு குறுகியது. பிரெட், ஹெட், டெட் ஆகியவையும் அப்படிக் குறுகியவையே. அதனால்தான் அவற்றிலும் இ-ஏ என்று எழுதிவிட்டு 'எ' என்று படிக்கிறோம்.

எழுதும்போது வரும் பெரிய பிழை இறந்தகாலத்தில். 'வழிநடத்தினார்' என்பதற்கு எல்-இ-டி, மூன்றே எழுத்து, உச்சரிப்பு 'லெட்'. 'படி' என்ற பொருளுள்ள 'ரீட்' இறந்தகாலத்தில் எழுத்து மாறாமல் 'ரெட்' ஆவதைப் பார்த்துப் பழகியவர்கள் இங்கும் 'ஏ'யைச் சேர்த்துவிடுவார்கள். ஆங்கிலம் தாய்மொழியானவர்களே அடிக்கடி செய்யும் தவறு இது. 1968இல் தொடங்கிய ராக் இசைக்குழு லெட் செப்பலின், காரீயத்தை மனத்தில் வைத்துத்தான் பெயர் சூட்டிக்கொண்டது. ஆனால் ஜனங்கள் 'லீட்' என்று படித்துவிடுவார்களோ என்று 'ஏ'யை எடுத்துவிட்டது.

உலோகம் ஒளிந்திருக்கும் இடங்களுக்கு வருவோம். பென்சிலுக்குள் இருப்பது கிராஃபைட், காரீயம் அதில் துளியும் இல்லை. கிராஃபைட்டை ஒரு காலத்தில் காரீயத்தின் ஒரு வகை என்று நினைத்ததால் பெயர் ஒட்டிக்கொண்டது. ஆகவே பென்சில் 'லெட்'. பக்க வடிவமைப்பில் வரிகளுக்கு இடையேயான அளவு 'லெடிங்'. அச்சுக் கோத்த நாளில் வரிகளுக்கு நடுவே காரீயத் தகடு செருகுவார்கள். 10 புள்ளி (பாயின்ட்) எழுத்துக்கு 12 புள்ளி லெடிங் என்றால் 2 புள்ளித் தகடு என்று கணக்கு. இதை 'லீடிங்' என்று சொல்லும் வடிவமைப்பாளர்கள் ஏராளம். அதே அச்சுக்கூடத்தில் செய்தியின் முதல் பத்தி மட்டும் 'லீட்', ஏனென்றால் அது முன்னால் செல்வது.

மின்னணுவியலில்தான் இரண்டும் ஒரே தாளில் மோதும். ரெசிஸ்டர், கெப்பாசிட்டர் ஆகியவற்றின் கம்பிக் கால்கள் 'லீட்'. சிப்புக்குள் இருக்கும் சட்டகம் 'லீட் ஃப்ரேம்'. வெளியே நீட்டிய கால் இல்லாத சிப்பு 'லீட்லெஸ்'. ஆனால் காரீயம் சேர்க்காத சால்டர், அதாவது பாகங்களைப் பற்றவைக்கும் உலோகக் கலவை, 'லெட் ஃப்ரீ'. 'லீட்லெஸ்' பாகம் என்றால் 'லெட் ஃப்ரீ' என்று அர்த்தமில்லை. அதன் அடியில் உள்ள பூச்சில் காரீயம் இருக்கலாம். குழப்பிக்கொண்டால் செலவுதான்: 63 பங்கு வெள்ளீயமும் 37 பங்கு காரீயமும் கலந்த சால்டர் 183 டிகிரி செல்சியஸில் உருகும், காரீயம் இல்லாமல் வெள்ளீயம், வெள்ளி, செம்பு சேர்த்த வழக்கமான கலவைக்கு 217 டிகிரியாவது வேண்டும். பழைய சூட்டிலேயே பற்றவைத்தால் இணைப்பு சரியாக ஒட்டாது. இந்தத் தொல்லைக்காகவே பல நிறுவனங்கள் காரீயத்தின் வேதிக் குறியீட்டைப் போட்டு 'பிபி ஃப்ரீ' என்று அச்சிடுகின்றன.

ஈசிஜியில் '12 லீட்' என்றால் உடம்பில் 12 கம்பி ஒட்டுவார்கள் என்று பொருளில்லை. ஒட்டுவது 10 தான். அவற்றைக் கொண்டு இதயத்தை 12 கோணங்களில் பதிவுசெய்வதால் 12 லீட். லேத்திலும் முப்பரிமாண அச்சு இயந்திரத்திலும் 'லீட்' என்பது திருகு ஒரு சுற்று சுற்றினால் நட்டு நகரும் தூரம். புரி இடைவெளி 2 மில்லிமீட்டர், நான்கு புரிகள் இணையாக ஓடுகின்றன என்றால் லீட் 8 மில்லிமீட்டர். 2 என்று போட்டுவிட்டால் இயந்திரம் நான்கு மடங்கு உயரத்துக்கு நகரும்.

இனி நம் நாக்கின் பிரச்சினை. தமிழ் எழுத்தில் 'லெட்' என்று எழுதினால், 'அனுமதி' என்ற பொருளுள்ள ஆங்கிலச் சொல்லும் காரீயத்தைக் குறிக்கும் சொல்லும் ஒன்றாகத் தெரியும். ஆங்கிலத்தில் அப்படி இல்லை. 'அனுமதி' சட்டென்று வெட்டும். காரீயத்தில் உயிரொலி சற்று நீளும், முடியும்வரை தொண்டை அதிரும். கழுத்தில் விரலை வைத்துச் சொல்லிப் பாருங்கள். நாக்கை 'பட்டு' என்பதற்கு மடிப்பதுபோல் மடிக்காமல், மேல்பல்லுக்குப் பின்னாலுள்ள மேட்டைத் தொடச் செய்தால் போதும். கடைசியில் 'உ' சேர்த்து 'லெட்டு', 'லீடு' ஆக்க வேண்டாம்.

தமிழில் எழுதுவோர் 'லெட் ஃப்ரீ' என்பதை 'ஈயமற்ற' என்று மொழிபெயர்ப்பதுண்டு. ரசம் வைக்கும் ஈயச்சொம்பு வெள்ளீயத்தால் ஆனது, அதுவும் ஈயம்தான். மேலே சொன்ன 'லெட் ஃப்ரீ' சால்டரிலோ 95 சதவீதத்துக்கு மேல் வெள்ளீயம். அதைப் போய் 'ஈயமற்ற' என்று எப்படிச் சொல்வது? 'காரீயமற்ற' என்றே எழுதுங்கள்.